வதந்தியைப் பிரித்தறியப் பள்ளியில் பாடம்: வளரிளம் பருவத்தினருக்குக் கிடைப்பது என்ன?

புதுதில்லி: கைப்பேசித் திரையில் வந்து சேரும் தகவல்களுள் எது மெய், எது பொய் என்று பகுத்தறியும் திறனைப் பள்ளி வகுப்பறையில் கற்பிக்க இயலுமா என்ற கேள்விக்கு, பீகார் மாநிலத்தின் 583 கிராமங்களில் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று தெளிவான விடை அளித்துள்ளது. பயிற்சி பெற்ற மாணவர்கள் மட்டுமன்றி, அவர்களுடைய பெற்றோரும் பொய்த் தகவல்களை முன்பைவிடச் சரியாக அடையாளம் கண்டனர் என்பது அந்த ஆய்வின் குறிப்பிடத்தக்க முடிவாகும்.

இத்திறனை ஊடக எழுத்தறிவு என்று கல்வியாளர்கள் அழைக்கின்றனர். எழுத்தறிவு என்ற சொல் சிலருக்குப் பொருந்தாததாகத் தோன்றலாம். எனினும், எழுத்தைக் கூட்டிப் படிப்பது எவ்வாறு பயிற்சியால் வருகிறதோ, அவ்வாறே ஒரு காணொளியையோ தலைப்பையோ ‘படிப்பதும்’ பயிற்சியால் வருவதுதான் என்ற கருத்து அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளது. பள்ளிகளில் ஊடகக் கல்வி தேவை என்று வலியுறுத்தும் கிரன்வால்டு பிரகடனம், யுனெஸ்கோ அமைப்பின் முயற்சியால் 1982ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியில் வெளியிடப்பட்டது. அப்போது கவலைக்குரியதாக இருந்தது தொலைக்காட்சி. இன்று அந்த இடத்தில் கைப்பேசி இருக்கிறது.

வெட்டப்பட்ட இறுதிக் காட்சி

இந்தியாவில் இக்கல்வி குறித்த அக்கறை உயிரிழப்புகளால் எழுந்தது. 2018ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி, மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தின் ரெயின்பாடா கிராமத்தில், குழந்தை கடத்துபவர்கள் என்ற ஐயத்தின்பேரில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டில் தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களில் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அந்நாள்களில் வாட்ஸ்அப் வழியாகப் பரவிய காணொளிகளுள் ஒன்றில், இருசக்கர வாகனத்தில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்கின்றனர்.

உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தின் இறுதியில் சிறுவன் திரும்ப ஒப்படைக்கப்படுகிறான். விழிப்புணர்வு வாசகமும் காட்டப்படுகிறது. பரப்பப்பட்ட பதிப்பில் அந்த இறுதிப் பகுதி மட்டும் வெட்டப்பட்டிருந்தது. காட்சியில் எந்தப் போலியும் இல்லை. இல்லாமற்போனது அதன் சூழல்.

ஊடக எழுத்தறிவு வகுப்பு தொடங்குவது இந்த இடத்தில்தான். இக்காணொளி எங்கே, எப்போது எடுக்கப்பட்டது, இதை முதலில் வெளியிட்டவர் யார், இதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது, இதே செய்தியை வேறு எவரேனும் உறுதிப்படுத்தியுள்ளனரா ஆகிய கேள்விகளை மாணவர் தாமே எழுப்பப் பழக்கப்படுகிறார். படத்தைத் தேடுபொறியில் இட்டு அதன் மூலத்தைக் கண்டறிதல், ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிராமல் அதனை வெளியிட்டோர் குறித்து வேறு பக்கங்களில் தேடுதல், ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற வாட்ஸ்அப் குறியீட்டைக் கவனித்தல் போன்றவை செய்முறைப் பயிற்சிகள். இவற்றைவிடக் கடினமானது மற்றொன்று: ஒரு தகவல் தம்மிடம் கோபத்தையோ அச்சத்தையோ எழுப்பும் கணத்தில், அதைப் பகிராமல் சற்று நிறுத்திக்கொள்ளும் பழக்கம்.

ஒரு மணி நேரமும் நான்கு மாதங்களும்

இத்தகைய பயிற்சி எப்போதும் பலன் தரும் என்று கருதிவிட முடியாது. 2019 மக்களவைத் தேர்தலையொட்டி, அரசியல் அறிவியல் ஆய்வாளர் சுமித்ரா பத்ரிநாதன் பீகாரில் 1,224 பேரிடம் ஓர் ஆய்வு மேற்கொண்டார். அவர்களுள் ஒரு பகுதியினருக்கு நேரில் சுமார் ஒரு மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒட்டுமொத்தமாக நோக்கும்போது, பொய்ச் செய்திகளை அடையாளம் காணும் திறன் அவர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் உயரவில்லை. கட்சிப் பற்று மிகுந்தோரில் ஒரு சாராரிடம், தமக்குச் சாதகமான பொய்களைப் பொய் என்று ஏற்கும் தன்மை பயிற்சிக்குப் பின் குறைந்தே காணப்பட்டது.

இதன் பின்னர், அதே ஆய்வாளர் இடம்பெற்ற குழு வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. வாக்காளர்களுக்குப் பதிலாக மாணவர்கள். அரசியலுக்குப் பதிலாக உடல்நலம் சார்ந்த வதந்திகள். ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக நான்கு மாதப் பாடத்திட்டம். பீகார் அரசின் ஊரக வாழ்வாதார அமைப்பான ‘ஜீவிகா’வுடன் இணைந்து, சுமார் 13,500 மாணவர்களைக் கொண்டு இந்த ஆய்வு நடத்தப்பட்டது. குலுக்கல் முறையில் தேர்வான கிராமங்களின் மாணவர்கள் இப்பாடத்தைக் கற்றனர்; மற்றவர்களுக்கு ஆங்கில மொழி வகுப்பு நடத்தப்பட்டது.

முடிவில், பாடம் கற்றவர்கள் மெய்யையும் பொய்யையும் பிரித்தறிவதில் தெளிவாக முன்னிலை பெற்றனர். சிகிச்சை குறித்த அவர்களது விருப்பங்கள் மாறின. நம்பத்தகாத தகவல் மூலங்களைச் சார்ந்திருப்பது குறைந்தது. நான்கு மாதங்கள் கழித்து மீண்டும் ஆராய்ந்தபோதும் அப்பலன் நீடித்தது. பாடத்தில் இடம்பெறாத அரசியல் வதந்திகளையும் அவர்களால் இனங்காண முடிந்தது.

பதின்பருவத்தினரிடம் இப்பயிற்சி எடுபடுவதற்கு வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். கட்சி, சாதி, சமயம் சார்ந்த நிலைப்பாடுகள் அவர்களிடம் இன்னும் இறுகிவிடவில்லை. மேலும், தேர்தல் வேளையில் வீட்டு வாசலில் வந்து நின்று சொல்லும் அந்நியரைவிட, வாரங்கள் கடந்தும் திரும்பத் திரும்ப வரும் ஆசிரியரின் சொல்லுக்கு எடை அதிகம்.

பெற்றோரிடம் தெரிந்த மாற்றம் தனிக் கவனத்துக்குரியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பிய தகவலைத் தவறு என்று பதினான்கு வயதுப் பிள்ளை சொல்வது இந்தியக் குடும்பங்களில் எளிதன்று. அது மரியாதைக் குறைவாகவே கொள்ளப்படும். ‘இது எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாமா?’ என்று கேட்டு, கைப்பேசியில் தேடிக் காட்டும் முறை அங்கு உதவக்கூடும். பெரும்பாலான வீடுகளில் கைப்பேசியை நன்கு கையாளத் தெரிந்தவர் அந்தப் பிள்ளைதான்.

இதன் தேவையைப் பீகார் குடும்பங்கள் 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நேரடியாக உணர்ந்தன. தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகக் கூறும் காணொளிகள் பரவின. அவை வேறிடங்களில், வேறு காரணங்களால் நிகழ்ந்த சம்பவங்களின் பதிவுகள் எனத் தமிழ்நாடு காவல்துறை விளக்கம் அளித்தது. அதற்குள் திருப்பூர் உள்ளிட்ட தொழில் நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் சிலர் அச்சத்துடன் ஊர் திரும்பியிருந்தனர். பீகார் அரசு அதிகாரிகள் குழு தமிழ்நாட்டுக்கு வந்து நிலைமையை நேரில் ஆராய்ந்தது.

கேரளத்தின் முன்முயற்சி

பள்ளிகளில் இதனை முன்னெடுத்த மாநிலம் கேரளம். தடுப்பூசி குறித்த வதந்திகளைத் தொடர்ந்து, கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018ஆம் ஆண்டு ‘சத்யமேவ ஜெயதே’ என்ற பெயரில் சுமார் 150 அரசுப் பள்ளிகளில் வகுப்புகளைத் தொடங்கியது. அதே ஆண்டில் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது, கோழி இறைச்சியால் நோய் தொற்றுகிறது என்ற பொய் பரவியது. பின்னர் 2022ஆம் ஆண்டு, பள்ளிகளுக்கான தொழில்நுட்ப நிறுவனமான ‘கைட்’ வழியாக அதே பெயரில் மாநிலம் முழுவதும் 19 லட்சத்திற்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு திருத்தப்பட்ட 5, 7ஆம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களில் பொய்ச் செய்தியைச் சரிபார்க்கும் பகுதி சேர்க்கப்பட்டுள்ளது.

தேசியக் கல்விக் கொள்கை 2020 திறனாய்வுச் சிந்தனையையும் டிஜிட்டல் அறிவையும் வலியுறுத்துகிறது. சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் வெகுஜன ஊடகம் விருப்பப் பாடமாக உள்ளது. ஆனால் அது ஊடகத் துறையில் பணியாற்ற விரும்புவோருக்கு ஏற்றது; செய்தியைப் பெறும் ஒவ்வொருவருக்குமான பாடமன்று.

இக்கல்வியில் ஓர் இடரும் உண்டு. எல்லாவற்றையும் சந்தேகிக்கக் கற்ற மாணவர், மெய்யான செய்தியையும் புறந்தள்ளும் நிலைக்குச் செல்லலாம். தடுப்பூசி முகாம் குறித்த அரசின் அறிவிப்பையும் அதனை எதிர்க்கும் வதந்தியையும் ஒரே தட்டில் வைத்து நோக்குவது எழுத்தறிவாகாது. ஆகவே எதை நம்பக் கூடாது என்பதற்கு ஈடாக, எதை, எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் ஆசிரியர் கற்பிக்க வேண்டியுள்ளது. மொழி மற்றொரு தடை. சரிபார்ப்புக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்திலும் இந்தியிலுமே கிடைக்கிறது. வதந்தியோ மைதிலியிலும் போஜ்புரியிலும், குரல் பதிவாகவும் வீடு தேடி வருகிறது.