விருந்துக்கு முன்னால் தாம்பூலம்

உங்கள் வீட்டில் கால்பந்துப் பைத்தியம் யாராவது உண்டோ? இருந்தால், நான் சொல்லப் போகிற விஷயம் உங்களுக்குச் சுலபமாகப் புரிந்துவிடும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை உலகக் கோப்பை வருகிறது. முதல் ஆட்டத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போதே பிள்ளையாண்டான் அட்டவணையைக் கொண்டு வந்து சுவரில் ஒட்டிவிடுகிறான். யாரோடு யார் மோதுவார்கள், யார் யாரைத் தோற்கடிப்பார்கள், கடைசியில் கோப்பை யார் கைக்குப் போகும் என்பதெல்லாம் அவனுக்கு அப்போதே தெரிந்துவிடும். "ஆட்டமே இன்னும் ஆடவில்லையேடா!" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை ஒரு பார்வை பார்ப்பான். "அம்மா, உனக்கு இதெல்லாம் புரியாது" என்று அதற்கு அர்த்தம்.

எதிர்பார்த்திருப்பது ஒரு தனிச் சுகம்தான். இல்லையென்று சொல்லவில்லை. தீபாவளியன்று காலை எட்டு மணிக்கெல்லாம் தீபாவளி தீர்ந்துவிடுகிறது. அதற்கு முந்தின பத்து நாள்தான் குழந்தைகளுக்குத் திருவிழா. ஆனால் ஒரு தேசமே ஒன்றுகூடி, விருந்து சமைத்தாவதற்கு முன்பே தாம்பூலம் போட்டுக் கொண்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு சமாசாரம் 1950-ம் வருஷம் பிரேஸில் தேசத்தில் நடந்தது. தாம்பூலம் போட்டுக் கொண்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். அதற்கு விலை கொடுத்தவர் முக்கியமாக ஒரே ஒரு மனிதர்.

1938-க்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் உலகக் கோப்பைப் பந்தயமே நடக்கவில்லை. யுத்தம் குறுக்கிட்டுவிட்டது. கோப்பை அப்போது இத்தாலியில் இருந்தது. யார் கையிலாவது சிக்கிவிடப் போகிறதே என்று பயந்து, இத்தாலியக் கால்பந்துச் சங்கத்து அதிகாரி ஒட்டோரினோ பராஸி அதை பாங்கியிலிருந்து எடுத்து வந்து, செருப்பு வாங்கிய அட்டைப் பெட்டிக்குள் போட்டுத் தம் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்! நம் வீட்டுப் பாட்டிமார்கள் காசுமாலையை அரிசிப் பானைக்குள் வைத்துக் காப்பாற்றியது போலத்தான். யுத்தம் முடிந்தது. ஐரோப்பா இடிந்து கிடந்தது. பந்தயத்தை நடத்த முன்வந்த தேசம் பிரேஸில்.

நடத்துவதென்றால் மைதானம் வேண்டாமா? அதுவும் உலகத்திலேயே பெரிய மைதானமாக இருக்க வேண்டாமா? ரியோ டி ஜனைரோ நகரத்தில் 1948 ஆகஸ்டில் மரக்கானா மைதானத்துக்கு அஸ்திவாரம் போட்டார்கள். "இந்தப் பணத்தில் ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் கட்டலாமே" என்று ஆட்சேபித்தவர்களும் இருந்தார்கள். நியாயமான கேள்விதான், குடும்பம் நடத்துகிறவர்கள் கேட்கக்கூடிய கேள்வி. மரியோ ஃபிலோ என்ற பத்திரிகைக்காரர் விடாமல் எழுதி எழுதி, மைதானம் வேண்டும் என்ற கட்சியை ஜயிக்க வைத்தார். இன்றைக்கும் அந்த மைதானத்துக்கு ஏட்டிலே உள்ள பெயர் அவருடைய பெயர்தான். இரண்டு லட்சம் பேர் கொள்ளக் கூடிய அந்தப் பிரமாண்டமான வட்டத்தை 1950 ஜூன் 16-ம் தேதி திறந்து வைத்தபோது சாரக்கட்டைக்கூட முழுக்கப் பிரிக்கவில்லை. கட்டட வேலை பூராவும் முடிய மேலும் பதினைந்து வருஷம் ஆயிற்று!

இங்கே ஒரு சின்னச் சமாசாரம். அந்தப் பந்தயத்தில் ஆட நமது இந்தியாவுக்கும் இடம் கிடைத்திருந்தது. நாம் போகவில்லை. பூட்ஸ் போடாமல் ஆடக் கூடாது என்று சொன்னதால்தான் போகவில்லை என்று ஒரு கதை வெகு காலமாக உலாவுகிறது. உண்மையில் கப்பல் பிரயாணம் நீளம், பயிற்சிக்கு நேரம் போதாது என்றெல்லாம் சங்கத்தார் காரணம் சொன்னார்கள். ஒலிம்பிக்கைத்தான் அப்போது பெரிதாக நினைத்தார்கள். உலகக் கோப்பையை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. போயிருந்தால் ஸ்வீடனோடும் இத்தாலியோடும் மோதியிருக்க வேண்டும். சரி, போகாததைப் பற்றி இப்போது பேசி என்ன?

பதின்மூன்று தேசங்கள் வந்து சேர்ந்தன. அந்த வருஷம் மட்டும் ஒரு விசித்திரமான ஏற்பாடு. இறுதி ஆட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. முதல் சுற்றில் தேறிய நாலு தேசங்கள் ஒருவரோடு ஒருவர் ஆட வேண்டும். யாருக்குப் புள்ளிகள் அதிகமோ அவருக்குக் கோப்பை. பிரேஸில், உருகுவே, ஸ்பெயின், ஸ்வீடன் ஆகிய நாலும் தேறின. பிரேஸில் ஸ்வீடனை 7-1 என்று அடித்து நொறுக்கியது. பிறகு ஸ்பெயினை 6-1 என்று பொடியாக்கியது. அந்த ஆட்டத்தின்போது ஜனங்கள் கைக்குட்டைகளை ஆட்டிக் கொண்டு, காளைச் சண்டையைப் பற்றிய கேலிப் பாட்டு ஒன்றை ஏக குரலில் பாடினார்களாம். ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்து பாடினால் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்து கொள்ளுங்கள்.

உருகுவேயோ ஸ்பெயினோடு 2-2 என்று சமன் செய்து, ஸ்வீடனை 3-2 என்று மூச்சுத் திணறித் தோற்கடித்திருந்தது. ஆகவே, ஜூலை 16-ம் தேதி நடக்க வேண்டிய கடைசி ஆட்டத்தில் பிரேஸில் ஜயிக்கக்கூட வேண்டாம். சமன் செய்தாலே கோப்பை கைக்கு வந்துவிடும்.

அந்த ஜூலை 15-ம் தேதியை நினைத்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி பெண் வீடு எப்படி இருக்கும்? அப்படி இருந்தது ஊர். வெற்றிப் பாட்டு எழுதி மெட்டும் போட்டாகிவிட்டது. ஆட்டக்காரர்களின் பெயர் பொறித்த தங்கப் பதக்கங்கள் தயார். 'ஓ முண்டோ' என்ற தினசரி பிரேஸில் கோஷ்டியின் படத்தை வெளியிட்டு, 'இவர்களே உலக சாம்பியன்கள்' என்று தலைப்புப் போட்டது. 'ஆகப் போகிறவர்கள்' என்றுகூட அல்ல, 'இவர்களே' என்று!

ஆட்டக்காரர்கள் தங்கியிருந்தது ஊருக்கு வெளியே அமைதியான ஓர் இடம். கடைசி ஆட்டத்துக்கு முன்னால் அவர்களை நகரத்துக்குள் ஒரு கிளப் மைதானத்துக்குக் கொண்டு வந்து வைத்தார்கள். அந்த வருஷம் அக்டோபரில் தேர்தல். கேட்க வேண்டுமா? அபேட்சகர்கள் வரிசையாக வந்தார்கள். கை குலுக்கினார்கள். படம் எடுத்துக் கொண்டார்கள். பிரசங்கம் செய்தார்கள். ஆட்டத்தன்று அந்தப் பிள்ளைகளால் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடக்கூட முடியவில்லை. யாராவது பெரிய மனிதர் வந்துகொண்டே இருந்தார். எழுந்து நிற்க வேண்டியிருந்தது. சமையலறையிலிருந்து யோசித்துப் பார்த்தால், பிரேஸில் தோற்றது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பரீட்சைக்குப் போகிற பிள்ளையை இப்படியா படுத்துவது?

உருகுவே கோஷ்டி தங்கியிருந்த இடத்தில் கதை வேறு. அவர்களுடைய அதிகாரிகளே நம்பிக்கை இழந்துவிட்டார்கள். "நாலு கோலுக்குள் தோற்றால் போதும், மானம் பிழைக்கும்" என்று சொன்னார்களாம். ஆனால் தலைவர் ஒப்டூலியோ வரேலா அப்படிப்பட்டவர் அல்ல. முப்பத்திரண்டு வயது, பாறை மாதிரி ஆசாமி. 'இவர்களே உலக சாம்பியன்கள்' என்று போட்ட அந்தத் தினசரியின் பிரதிகளை வாங்கிவந்து தம் தோழர்களுக்கு முன்னால் போட்டார். அவற்றை என்ன செய்யும்படி சொன்னார் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. மன்னிக்க வேண்டும்.

மறுநாள் மரக்கானாவில் டிக்கெட் வாங்கி நுழைந்தவர்களின் கணக்கு மட்டும் 1,73,850. மொத்தம் ஏறக்குறைய இரண்டு லட்சம் என்கிறார்கள். ரியோவின் ஜனத்தொகையே அப்போது சுமார் 24 லட்சம்தான். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் மைதானத்தில்! மற்றவர்கள் ரேடியோப் பெட்டியைச் சுற்றி. பிரேஸிலுக்கு டெலிவிஷன் வருவதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. நகரத்தின் மேயர் ஒலிபெருக்கியில் பேசினார். "சொன்னபடி மைதானத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டேன், இனி உங்கள் கடமையை நீங்கள் செய்யுங்கள்" என்பது அவருடைய பேச்சின் சாரம்.

பாதி ஆட்டம் முடிகிறவரையில் கோல் இல்லை. பிற்பாதி தொடங்கி இரண்டாவது நிமிஷத்தில் ஃபிரியாஸா பிரேஸிலுக்கு ஒரு கோல் போட்டார். ஆகாயம் இடிந்து விழுந்தது போன்ற ஆரவாரம்! அப்போது வரேலா என்ன செய்தார் தெரியுமா? பந்தைக் கையில் இடுக்கிக் கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்து போய், அது 'ஆஃப்சைட்' என்று ஆங்கிலேய நடுவரோடு வாதாட ஆரம்பித்தார். பாஷை புரியவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார். கோல் செல்லும் என்று அவருக்கே தெரியும். ஜனங்களுடைய கொதிப்பு அடங்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும். கொதிக்கிற பாலில் தண்ணீர் தெளிக்கிற சாமர்த்தியம்!

அறுபத்தாறாவது நிமிஷத்தில் கிக்ஜா வலது ஓரமாக ஓடி, பந்தை நடுவில் தள்ளிக் கொடுத்தார். ஸ்கியாஃபினோ கோல் போட்டார். 1-1. அப்போதும் கோப்பை பிரேஸிலுக்குத்தான். உலகக் கால்பந்துச் சங்கத் தலைவர் ஜூல் ரிமே, பிரேஸிலைப் பாராட்டிப் பேசுவதற்காகப் போர்த்துகீஸிய மொழியில் எழுதி வைத்திருந்த பிரசங்கத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக் கொண்டு மேல் தட்டிலிருந்து இறங்கத் தொடங்கினார். அவர் படியிறங்கி நடைவழியாக வந்து கொண்டிருக்கும்போதே ஆரவாரம் சட்டென்று நின்றுவிட்டதாம்.

எழுபத்தொன்பதாவது நிமிஷம். மறுபடியும் அதே கிக்ஜா. அதே வலது ஓரம். பிரேஸிலின் கோல்கீப்பர் மொவாஸிர் பார்போஸா, முன்பு போலவே நடுவில்தான் தள்ளுவார் என்று எண்ணி ஓர் அடி முன்னால் வந்தார். போன தடவை கொல்லைப்புறமாகத் திருடன் வந்தானே என்று கொல்லையைக் காவல் காத்துக் கொண்டிருக்கும்போது, அவன் வாசல் வழியாக நுழைந்தால் எப்படி? பந்து அவருக்கும் கம்பத்துக்கும் நடுவே இருந்த இடுக்கில் புகுந்துவிட்டது. பார்போஸா பாய்ந்து விழுந்தார். விரல் பட்டது, பந்து வெளியே போய்விட்டது என்றே நினைத்தார். மைதானம் நிசப்தமாக இருந்தது. பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

ரேடியோவில் வர்ணனை செய்து கொண்டிருந்த லூயிஸ் மெண்டெஸ், "உருகுவே கோல்" என்ற இரண்டு வார்த்தைகளையே விதவிதமான குரலில், கேள்வியாகவும் பதிலாகவும், திரும்பத் திரும்பச் சொன்னார். அவராலேயே நம்ப முடியவில்லை. மரக்கானாவை வாய் அடைக்கச் செய்தவர்கள் போப்பாண்டவர், பாடகர் ஃபிராங்க் சினாட்ரா, நான் ஆகிய மூன்றே பேர்தான் என்று கிக்ஜா பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வார். (அவர் காலமானது 2015 ஜூலை 16. சரியாக அறுபத்தைந்து வருஷம் கழித்து, அதே தேதி!) ரிமே தம் பிரசங்கத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கூட்டத்தில் இடிபட்டு, வரேலாவைக் கண்டுபிடித்து, ஏறக்குறைய திருட்டுத்தனமாகக் கோப்பையை அவர் கையில் திணித்தார்.

அன்று ராத்திரி வரேலா விருந்துக்குப் போகவில்லை. ரியோவின் கடைத் தெருக்களில் அலைந்தார். குடித்துவிட்டு அழுது கொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்து, தோளில் கை போட்டு ஆறுதல் சொன்னார். ஜயித்தவருக்கு இருந்த மனசு தோற்றவர்களுக்கு இல்லை என்பதுதான் வருத்தம். ஊர் குற்றவாளியைத் தேட ஆரம்பித்தது. மேயரை யாரும் கேட்கவில்லை. தலைப்புப் போட்ட பத்திராதிபரைக் கேட்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் பிரசங்கம் செய்த அபேட்சகர்களை நிச்சயமாகக் கேட்கவில்லை. பார்போஸா, பிகோடெ, ஜுவெனால் என்ற மூன்று பேரின் தலையில் பழி விழுந்தது. மூவரும் கறுப்பு இனத்தவர்கள். இது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பலாம், என்னால் முடியவில்லை.

வெள்ளைச் சட்டை மேலும் பழி விழுந்தது. அதுவரை பிரேஸிலுக்கு வெள்ளைச் சட்டைதான். 1953-ல் ஒரு தினசரி போட்டி வைத்தது: தேசக் கொடியின் நாலு வர்ணங்களும் இருக்கும்படி புதுச் சட்டை வரைந்து அனுப்ப வேண்டும். பரிசு பெற்றவர் அல்டீர் ஷ்லீ. இருபது வயதுகூட நிரம்பாத பையன். இன்று உலகமெல்லாம் தெரிந்த அந்த மஞ்சள் சட்டை அவர் வரைந்ததுதான். உருகுவே எல்லையை ஒட்டிய ஊரில் பிறந்த அவருக்கு, மனசு என்னவோ உருகுவேயின் பக்கம்தான்! ரேடியோவுக்கு முன்னால் அழுது கொண்டிருந்த தகப்பனாரைப் பார்த்து, "அழாதே அப்பா, உனக்கு நான் ஜயித்துத் தருகிறேன்" என்று சொன்ன ஒன்பது வயதுப் பையனின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவன்தான் பெலே. 1958-ல், பதினேழு வயதில், சொன்னபடி செய்தான்.

சட்டையை மாற்றினார்கள், கோப்பையும் வந்தது. ஒரு தடவை அல்ல, ஐந்து தடவை வந்தது. பார்போஸாவின் பழி மட்டும் போகவில்லை. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வேலை கிடைத்த இடம் எது தெரியுமா? அதே மரக்கானா வளாகம். தினமும் அங்கேதான் போய் வர வேண்டும். 1970-ல் ஒரு கடையில் சாமான் வாங்கிக் கொண்டிருந்தபோது ஒரு தாயார் தன் சின்னப் பிள்ளையிடம் அவரைச் சுட்டிக் காட்டி, "அதோ பார், பிரேஸில் முழுவதையும் அழ வைத்த மனிதன் அவன்தான்" என்றாளாம். ஆட்டம் நடந்தபோது அந்தப் பிள்ளை பிறந்திருக்கவே மாட்டான். 1993-ல், தேச கோஷ்டியின் பயிற்சி முகாமைப் பார்க்கப் போனவரை, அபசகுனம் என்று உள்ளே விடவில்லை. பிரேஸிலில் அந்த நாளில் எந்தக் குற்றத்துக்கும் முப்பது வருஷத்துக்கு மேல் தண்டனை கிடையாது. நான் ஐம்பது வருஷமாக அனுபவித்துக் கொண்டிருக்கிறேன் என்று அவர் சொன்னது அதற்கப்புறம்தான்.

மனைவி போன பிறகு, பிராயா கிராண்டெ என்ற கடலோர ஊரில் கடைசிக் காலத்தைக் கழித்தார். அங்கே ஒரு பெண்மணி அவரைத் தகப்பனாராகவே பாவித்துப் பார்த்துக் கொண்டார். 2000 ஏப்ரல் 7-ம் தேதி, எழுபத்தொன்பதாவது வயதில் பார்போஸா காலமானார். அவர் போன பிறகு அந்தப் பெண்மணிதான் சொன்னார்: சில சமயம் தம் தோளில் சாய்ந்து அழுவாராம், அழும்போதெல்லாம் ஒன்றையே சொல்வாராம். குற்றவாளி தாம் அல்லவென்றும், அன்றைக்கு ஆடியவர்கள் பதினொரு பேர் என்றும்.