அலைப் பலகைக்கு அறுவைச் சிகிச்சை! தவறான பிசின் பட்டால் உள்ளே கரைந்து போகும்

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 40 கிலோ மீட்டர் போனால் கோவளம். மீனவர் குப்பம். 2012-ம் ஆண்டில் இங்கே அலைச் சறுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதன் பிறகு வலை இழுத்த வீட்டுப் பிள்ளைகள் பலகையைத் தூக்கிக் கொண்டு அலை ஏறக் கற்றார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கற்றுக் கொடுத்து நாலு காசும் பார்க்கிறார்கள்.

பலகை உடைந்தால் அன்றைய பிழைப்பு போச்சு!

விலை ஆயிரக்கணக்கில். பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்கு. பார்த்தால் பளிங்கு மாதிரி வழவழவென்று இருக்கும். உள்ளே இருப்பதோ வெறும் நுரை. அதன் மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பிசின் ஊற்றி இறுக வைத்திருக்கிறார்கள். நகத்துக் கனம்தான் அந்தத் தோல். பாறையில் உரசினாலும், இன்னொரு பலகையின் துடுப்பு குத்தினாலும் கிழிந்து விடும். ஆட்டோ மேலே கட்டிக் கொண்டு போகும்போது கீழே விழுந்து உடைவதும் உண்டு.

தண்ணீர் குடித்த பலகை

'சின்ன விரிசல்தானே' என்று மறுபடி கடலில் இறக்குகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். வினையே அங்கேதான். நுரை உப்புத் தண்ணீரைக் குடிக்கும். பலகை கனக்கும். வெள்ளையாக இருந்தது மஞ்சளாகி, பழுப்பாகும். நாளாவட்டத்தில் தோல் நுரையை விட்டுக் கழன்று கொள்ளும். தட்டினால் 'டொப் டொப்' என்று சத்தம் வரும்.

விரிசல் கண்டதும் கரைக்குக் கொண்டு வர வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, ஓட்டை கீழே இருக்கும்படி நிழலில் சாய்த்து வைக்க வேண்டும். நிறையக் குடித்திருந்தால் காயப் பல நாள் ஆகும். அவசரப்பட்டுப் பூட்டிய காருக்குள் வைத்தால் சூட்டில் தோல் உப்பிக் கொள்ளும். ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் புண்ணுக்குள் சீழ் வைத்துத் தைத்த கதைதான்.

வைத்தியர் யார்?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரை நெடுக பைபர் படகுகள் பெருகி விட்டன. படகுக்கு ஒட்டுப் போடும் ஆள் குப்பத்துக்கு ஒருவராவது இருப்பார். கையில் பிசின் டப்பா, மேட் துண்டு, பிரஷ். படகுக்கு ஒட்டுகிறவருக்குப் பலகை எம்மாத்திரம் என்று அவரிடம் தூக்கிக் கொண்டு ஓடுகிறார்கள்.

பாதிப் பலகைகளுக்கு அது சரி. மீதிக்கு அதுவே எமன்!

பலகையில் இரண்டு ஜாதி. ஒன்று பாலியூரித்தேன் நுரை. உடைந்த இடம் ரொட்டித் துண்டு மாதிரி நைசாக இருக்கும். இன்னொன்று தெர்மாகோல் ரகம். உடைந்த இடத்தில் ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாகத் தெரியும். படகுக்காரர் வைத்திருப்பது பாலியஸ்டர் பிசின். அதில் ஸ்டைரீன் என்ற திரவம் கலந்திருக்கிறது. மூக்கைத் துளைக்கும் நாற்றம் அதனுடையதுதான். தெர்மாகோலில் அது பட்டால் வெந்நீரில் விழுந்த சர்க்கரைதான். விரல் நுழையும் ஓட்டை, கை நுழையும் பள்ளமாகி விடும். துடைக்கிற அசிட்டோனும் அப்படியே கரைக்கும்.

சந்தேகம் இருந்தால் உதிர்ந்த நுரையில் ஒரு சிட்டிகை எடுத்துப் பிசினில் போட்டுப் பார்க்கலாம். கரைந்தால் அந்த டப்பாவை மூடி வைத்து விட வேண்டியதுதான். எபாக்சி பிசின் இரண்டு ரகத்துக்கும் ஆகும். விலைதான் கூட.

ஒட்டுப் போடும் விதம்

முதலில் பலகை மேல் தேய்த்த மெழுகைச் சுத்தமாகச் சுரண்ட வேண்டும். மெழுகு மேல் எந்தப் பிசினும் பிடிக்காது. பிய்ந்து தொங்கும் தோலை வெட்டி எடுத்து, சுற்றிலும் இரண்டு அங்குலம் முரட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பள்ளத்தில் பிசினும் கண்ணாடிப் பொடியும் குழைத்துப் பட்டி வைக்கிறார்கள். இறுகியதும் மட்டமாகத் தேய்த்து, மேலே இழைத் துணி இரண்டு மடிப்பு. மேல் துணி கீழ்த் துணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். பிசின் ஊறி, துணி கண்ணுக்குத் தெரியாமல் கண்ணாடியாகி விட்டால் சரி; வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே காற்று நிற்கிறது. கடைசியில் ஒரு பூச்சு. பிறகு வாட்டர் பேப்பர் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்ப்பு.

கலவையில் கைக்கணக்கு கூடாது. பாலியஸ்டருக்கு 100 கிராமுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் கேட்டலிஸ்ட். நம் ஊர் வெயிலுக்கு ஒன்றே போதும். எபாக்சிக்கு டப்பாவில் போட்டிருக்கும் அளவு அப்படியே. 'இன்னும் கொஞ்சம் ஹார்டனர் விட்டால் சீக்கிரம் இறுகும்' என்று ஊற்றினால் கடைசி வரைக்கும் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

உஷார்! உஷார்!

பலகை போனால் இன்னொன்று வாங்கலாம். கண் போனால்? கேட்டலிஸ்ட் என்பது பெராக்சைடு. ஒரு சொட்டுத் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. உடனே நல்ல தண்ணீரில் கால் மணி நேரமாவது விடாமல் கழுவி, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கண்ணாடி போட்டுக் கொண்டு வேலை செய்கிறவர்களைக் கரையில் தேடத்தான் வேண்டியிருக்கிறது.

இன்னொரு பயங்கரம், ஆக்சிலரேட்டர் என்கிற கோபால்ட் திரவம். அதையும் கேட்டலிஸ்டையும் நேருக்கு நேர் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும்! முதலில் கோபால்ட்டைப் பிசினில் ஊற்றி நன்றாகக் கலக்கி முடித்த பிறகே கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே குவளையில் அளந்து பார்ப்பது தற்கொலைக்குச் சமம். பக்கத்தில் பீடியும் ஆகாது. குவளையில் மிஞ்சிய பிசினும் தானாகச் சூடேறிப் புகையும். அதைக் குப்பைத் தொட்டியில் கொட்டி விட்டுப் போகிறார்கள், புண்ணியவான்கள்.

தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசு தோலில் பட்டால் நமைச்சல், உள்ளே போனால் இருமல். முகத்தில் துண்டு கட்டினால் தூசு கொஞ்சம் குறையலாம். பிசின் ஆவி துண்டுக்கெல்லாம் அடங்காது. அதற்கென்று வடிகட்டி வைத்த முகமூடி கடைகளில் கிடைக்கிறது. வேலை செய்யும் இடம் காற்றோட்டமாக இருக்க வேண்டும்.

பாலியஸ்டர் ஒட்டு அரை மணி, ஒரு மணியில் கல்லாகி விடும். எபாக்சிக்கு ஒரு நாள் முழுதாக விட வேண்டும். இரண்டாக ஒடிந்த பலகையைக்கூட ஒட்டுகிறார்கள். ஆனால் கனம் ஏறி விடும். பழைய வேகம் இராது. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள்.

பழைய பலகை மலிவாக விலைக்கு வந்தால் மேல் பூச்சைப் பார்த்து மயங்கி விடாதீர்கள். கையில் தூக்கிப் பாருங்கள், கனத்தால் தண்ணீர் குடித்தது. நெடுகத் தட்டிப் பாருங்கள். வெயிலில் பிடித்து, மஞ்சள் திட்டு எங்கே என்று தேடுங்கள். பளிச்சென்று பெயிண்ட் மட்டும் ஓரிடத்தில் அடித்திருந்தால், அதற்கு அடியில் என்ன என்று விற்கிறவரிடமே கேளுங்கள்.