ஒற்றை வாட்டில் வீடே அதிரும், தெரியுமா?

விடியற்காலையில் பனையில் கட்டிய ஹோர்ன் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுக் கேட்டு எழும்பாத ஊர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் உண்டா? கோயில் திருவிழா, கலியாணம், சனசமூக நிலைய விளையாட்டுப் போட்டி எல்லாவற்றிலும் அந்த வாய் விரிந்த தகரப் புனல்தான் ராசா! ஆனால் அதே குடும்பத்தில் வீட்டு வரவேற்பறைக்கென்றே பிறந்த பழைய ஹோர்ன்களும் இருக்கின்றன. அவற்றுக்கு அம்பிளிபயர் பொருத்தப் போனால் நாம் நம்பிக்கொண்டிருக்கும் கணக்கெல்லாம் தலைகீழாகிறது. எப்படி? கேளுங்கள்!

ஹோர்ன் ஒலிபெருக்கிக்கு நூறு வயது தாண்டிவிட்டது, தெரியுமா?

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சனும் அமெரிக்கரான எட்வின் பிரிதமும் கலிபோர்னியாவில் உள்ள நாப்பாவில் ஒலிபெருக்கியைச் செய்து பார்த்தார்கள். 1915 நத்தாருக்கு முதல்நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் பெருங்கூட்டத்துக்கு அதைப் பாடவிட்டார்கள். நான்கே ஆண்டுகள் கழித்து, 1919 இல், சான் டியாகோ மைதானத்தில் ஜனாதிபதி வில்சன் பேசினார். கேட்டவர்கள் சுமார் 50,000 பேர்! அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் மாக்னவொக்ஸ்.

சாதாரண ஸ்பீக்கர் 100 வாட் வாங்கி ஒரு வாட்தான் திருப்பித் தருகிறது, தெரியுமா?

மீதி 99 வாட்டும் கம்பிச்சுருளில் வெப்பமாகிப் போகிறது! நாம் இன்று கடையில் வாங்கும் கடதாசிக் கூம்பு ஸ்பீக்கர்களின் நிலை ஏறக்குறைய இதுதான். காற்று மிக மெல்லியது; கூம்பு அதைத் தள்ளப் பார்த்தால் பிடி கிடைக்காமல் நழுவுகிறது. ஹோர்ன் அந்தப் பிடியைக் கொடுக்கிறது. ஒடுங்கிய கழுத்தில் அழுத்தமாகத் தொடங்கும் அதிர்வைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து அறைக் காற்றிடம் ஒப்படைக்கிறது. அதனால் கொடுத்த மின்சாரத்தில் 10 முதல் 30 விழுக்காடு வரை ஒலியாக மாறிவிடுகிறது! சங்குக்கும் நாதஸ்வரத்துக்கும் உள்ளே குழல் விரிந்துகொண்டே போவதும் இதே வித்தைதான். அளவெட்டியிலும் இணுவிலிலும் மைக் வருமுன்பே வீதி முழுக்க நாதஸ்வரம் கேட்டது சும்மாவா?

1 வாட்டும் 63 வாட்டும் சமமாகலாம், தெரியுமா?

ஸ்பீக்கரின் பின்புறத்திலோ விபரத்தாளிலோ 87 டெசிபல், 105 டெசிபல் என்று ஓர் எண் இருக்கும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதே அதன் பொருள். 3 டெசிபல் கூட்ட வேண்டுமா? வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். 10 டெசிபல் கூட்ட வேண்டுமா? பத்து மடங்கு வேண்டும்! 87க்கும் 105க்கும் இடையே 18 டெசிபல். போட்டுப் பாருங்கள்: 63 மடங்கு! 105 டெசிபல் ஹோர்னுக்கு ஒரு வாட் செய்யும் வேலையை 87 டெசிபல் ஸ்பீக்கருக்குச் செய்ய 63 வாட் வேண்டும். அம்பிளிபயர் வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய எண் வாட் அல்ல, இந்த டெசிபல்தான். அதைக் கேளாமல் அம்பிளிபயர் வாங்குவது சாதகம் பாராமல் கலியாணம் பேசுவது மாதிரி.

சைக்கிள் டைனமோவின் வலு போதும், தெரியுமா?

1990 இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது; ஆண்டுக்கணக்கில் திரும்பி வரவில்லை. பற்றரிகூடத் தடைப்பொருள்! சனம் என்ன செய்தது? சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டது. அந்த டைனமோக்கள் சாதாரணமாக 6 வோல்ட், 3 வாட். அதில் ஒரேயொரு வாட் 105 டெசிபல் ஹோர்னுக்குப் போயிருந்தால் விறாந்தையில் இருந்து பேச முடியாத அளவுக்குச் சத்தம் வந்திருக்கும்!

திரையரங்கையே 8 வாட் நிரப்பியது, தெரியுமா?

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களைக் கேட்டால் வின்சர், றீகல், வெலிங்டன், மனோகரா என்று தியேட்டர் பெயர்கள் வரிசையாக வரும். பேசும்படம் வந்த காலத்தில் உலகெங்கும் தியேட்டர்களுக்குப் பெரிய வலு அம்பிளிபயர் கிடையாது. 1926 இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 என்ற டிரைவரை, அதாவது ஹோர்னின் கழுத்தில் இருந்து ஒலியெழுப்பும் பகுதியை, கொண்டுவந்து, ஆளுயர ஹோர்ன்களில் பூட்டித் திரைக்குப் பின்னால் நிறுத்தியது. 1930களில் அதே நிறுவனத்தின் 91 என்ற தியேட்டர் அம்பிளிபயர் கொடுத்தது சுமார் 8 வாட். ஆம், எட்டு! 1938 இல் வந்த அதன் 300பி வால்வுக்கு இன்றும் இரசிகர்கள் பணத்தை அள்ளிக் கொடுக்கிறார்கள். 1945 இல் அல்டெக் லான்சிங் தொடங்கிய ‘வொய்ஸ் ஒஃப் த தியேட்டர்’ ஸ்பீக்கர்களும் பிற்காலத்தில் தியேட்டர்களை விட்டு வீடுகளுக்குள் குடிவந்தன.

ஒரு ஸ்பீக்கர் 1946 இலிருந்து இன்னும் தயாராகிறது, தெரியுமா?

அதுதான் க்ளிப்ஷ்ஹோர்ன்! அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஹோப் என்ற சிற்றூரில் போல் க்ளிப்ஷ் தொடங்கிய நிறுவனம் அதை இன்றும் செய்கிறது. 105 டெசிபல் என்பதே நிறுவனம் சொல்லும் எண். உலகுக்குத் தேவை ஒரு நல்ல 5 வாட் அம்பிளிபயர் என்று க்ளிப்ஷ் சொன்னதாகச் சொல்வார்கள். மனிதர் லேசுப்பட்டவரில்லை. யாராவது ஒலிக்கருவி பற்றிப் புளுகினால் கோட்டு மடிப்பைத் திருப்பிக் காட்டுவார். அங்கே ஒரு மஞ்சள் பட்டன் குத்தியிருக்கும். அதிலிருந்த கெட்ட வார்த்தையை நாகரிகமாக மாற்றினால் ‘சுத்தப் பம்மாத்து’!

வீட்டு மூலையே ஹோர்னின் பாதி, தெரியுமா?

40 ஹேர்ட்ஸ் தாழ்ந்த ஒலியின் அலை நீளம் எட்டரை மீட்டர். அதற்கு முழுதாக ஒரு ஹோர்ன் செய்தால் வாய் மட்டுமே அறையளவு வரும்! க்ளிப்ஷ் என்ன செய்தார்? ஹோர்னை மடித்துப் பெட்டிக்குள் போட்டு, கடைசிப் பகுதிக்கு அறை மூலையின் இரண்டு சுவர்களையும் தரையையும் பயன்படுத்திக்கொண்டார். ஆகவே அந்த மூலை முக்கியம். பக்கத்தில் கதவோ யன்னலோ வரக்கூடாது. சுவர் அதிரவும் கூடாது. குடாநாட்டுப் பழைய வீடுகளின் தடித்த கற்சுவரும் சீமெந்துத் தரையும் இதற்கு அளவெடுத்தது போல அமைந்துவிடும். பலகைத் தட்டி அடித்த அறையில் அதே ஸ்பீக்கரின் பாஸ் ஒலி இளைத்துப் போகும்.

ஹோர்ன் அம்பிளிபயரின் இரகசியங்களைப் போட்டுக்கொடுக்கும், தெரியுமா?

பாட்டு இல்லாதபோதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்றோ ‘ம்ம்ம்’ என்றோ ஓர் இரைச்சல் வருகிறதா? கணக்கைப் பாருங்கள். அம்பிளிபயரில் ஒரு மில்லிவோல்ட் இரைச்சல் மிச்சம் இருந்தால், 8 ஓம், 105 டெசிபல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டரில் 36 டெசிபல்! இரவில் ஊர் அடங்கியபின் தெளிவாகக் கேட்கும். 87 டெசிபல் ஸ்பீக்கரிலோ 18 டெசிபல்தான்; காதில் விழாது. பத்தில் ஒரு மில்லிவோல்ட்டாகக் குறைத்தால் ஹோர்னிலும் அமைதி. எனவே புதிய அம்பிளிபயர் தேடுகிறவர் ‘எத்தனை வாட்?’ என்று கேட்டபின், கூடவே ‘எத்தனை மில்லிவோல்ட் இரைச்சல்?’ என்றும் கேட்க வேண்டும். வாங்குமுன் பாட்டுப் போடாமல் ஹோர்னின் வாயில் காதை வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

வால்வு அம்பிளிபயரை ஸ்பீக்கர் இல்லாமல் பாடவிட்டால் அது செத்துப் போகலாம், தெரியுமா?

பழைய ஹோர்ன்களில் பல 16 ஓம். வால்வு அம்பிளிபயரின் பின்னால் 4, 8, 16 என்று தனித்தனி முனைகள் இருக்கும்; எண்ணுக்கு எண் பார்த்துப் பூட்டினால் பொருத்தம் சரி. வயரைக் கழற்றிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினால் வெளியீட்டு ட்ரான்ஸ்போமரில் வோல்ட் எகிறி உள்ளே பொறி பறக்கும்! ட்ரான்சிஸ்டர் அம்பிளிபயர் இதற்கு நேர்மாறு. ஸ்பீக்கர் இல்லாவிட்டால் சும்மா இருக்கும்; இரண்டு வயரும் முட்டினால்தான் ஆபத்து. அதை 16 ஓமில் பூட்டினால் 8 ஓமில் தரும் வலுவில் ஏறக்குறைய பாதிதான் வரும். கவலை வேண்டாம், ஹோர்னுக்கு அந்தப் பாதியே மிச்சம்! 1950களில் மல்லார்ட் நிறுவனம் வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்காக வெளியிட்ட 5-10 என்ற அம்பிளிபயருக்கு 5 வால்வு, 10 வாட். ஒரு ஹோர்னுக்கு அது விருந்து.

கோயில் ஹோர்ன் 1,000 ஓமாக இருக்கலாம், தெரியுமா?

மைதானத்துக்குக் குறுக்கே நீண்ட வயர் இழுத்து ஏராளம் ஹோர்ன்களைப் பாடவைக்க 100 வோல்ட் லைன் என்ற முறை உண்டு. ஒவ்வொரு ஹோர்னிலும் ஒரு சிறிய ட்ரான்ஸ்போமர் இருக்கும். 10 வாட் முனையில் பூட்டினால் அம்பிளிபயர் காண்பது 1,000 ஓம். ஓடும் மின்னோட்டம் பத்தில் ஓர் அம்பியர் மட்டுமே. அதனால்தான் மெல்லிய வயரிலும் தாங்குகிறது! அந்த ஹோர்னைக் கழற்றி வந்து வீட்டு அம்பிளிபயரில் நேரே கொழுவினால் முனகல்தான் வரும். ட்ரான்ஸ்போமரைத் தாண்டி டிரைவருக்கு நேரடி இணைப்புக் கொடுத்தால் உயிர் வந்துவிடும். 1940 முதல் இயங்கும் இந்தியாவின் அகுஜா போன்ற நிறுவனங்களின் டிரைவர்களில் 16 ஓம் என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம்.

ஒரு சின்னக் கண்டென்சர் டிரைவரின் உயிர்காப்பான், தெரியுமா?

ஹோர்ன் ஒவ்வொன்றுக்கும் கீழெல்லை உண்டு. அதற்குக் கீழான ஒலி வந்தால் காற்றின் பிடி விட்டுப்போய் மெல்லிய டயபிரம் கட்டில்லாமல் துள்ளி உடைந்துவிடும். தவிலின் தொப்பி அடி ஒன்றே போதும்! காவலுக்கு ஒரு கண்டென்சரைத் தொடரில் போடுவார்கள். 16 ஓம் டிரைவருக்கு 20 மைக்ரோஃபராட் போட்டால் 500 ஹேர்ட்ஸுக்குக் கீழே படிப்படியாக வெட்டிவிடும். அந்தத் தாழ்ந்த ஒலிக்குப் பெரிய கூம்பு ஸ்பீக்கர் தனியே இருக்கட்டும்.

ரொறொன்ரோவில் இருந்து வந்த றெக்கோர்ட் பிளேயரில் சீர்காழியின் குரல் தடித்துப் போகலாம், தெரியுமா?

வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு வரும்போது பழைய ஒலிக்கருவிகளும் பெட்டியில் வரும். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்றால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், இலங்கையோடு ஒத்துப்போகும். கனடா 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். வோல்ட்டை இறக்க ட்ரான்ஸ்போமர் வாங்கலாம். ஹேர்ட்ஸை அது மாற்றாது! மின்சாரத்தின் தாளத்தில் சுற்றும் பழைய மோட்டார் ஆறில் ஐந்து வேகத்தில்தான் ஓடும். 33⅓ சுற்று 27.8 ஆகும், சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கும். சீர்காழி கோவிந்தராஜனின் உச்சஸ்தாயியே இறங்கி வந்தால் எப்படியிருக்கும்! 60 ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த அம்பிளிபயர் ட்ரான்ஸ்போமரும் 50இல் கூடுதலாகச் சூடேறும். வாங்குமுன் பின்பக்கத் தகட்டில் ‘50/60’ என்று இருக்கிறதா, பாருங்கள்.

அணைத்த வால்வு அம்பிளிபயரும் அடிக்கும், தெரியுமா?

பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதன் கண்டென்சர்களில் 300, 400 வோல்ட் தங்கியிருக்கலாம். மூடியைத் திறப்பது தொழில் தெரிந்தவர் வேலை! பழைய கடதாசிக் கண்டென்சர்கள் கசிந்தால் விலையுயர்ந்த வெளியீட்டு வால்வுகள் எரிந்துபோகும். ஆகவே பழைய அம்பிளிபயருக்குச் செய்யும் முதல் ‘அப்கிரேட்’ இந்தக் கண்டென்சர்களை மாற்றுவதுதான். இன்னொரு அதிசயம்: பழைய டிரைவர்களில் உள்ள அல்னிக்கோ காந்தத்தை வெளியே கழற்றினாலே அதன் வலு குறைந்துவிடும். எனவே ‘திறந்து பார்ப்போம்’ என்ற ஆசை வேண்டாம். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இணைப்புகளை அரிக்கும்; மரப்பெட்டிக்குக் கறையான் காத்திருக்கும். இரண்டையும் அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு 10 மணிக்கு மேல் சட்டமும் விழித்திருக்கும், தெரியுமா?

2007 இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய வழக்கொன்றில், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி அனுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அயலவரை விடுங்கள், சொந்தக் காது? 85 டெசிபலில் எட்டு மணித்தியாலம் வேலை செய்வதையே எல்லையாக அமெரிக்கத் தொழிற்சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணித்தியாலம்தான்! ஹோர்ன் அந்த 100ஐ ஒரு வாட்டுக்குள்ளேயே தாண்டிவிடும்.

மிகச் சிறந்த ‘அப்கிரேட்’ இலவசம், தெரியுமா?

புது அம்பிளிபயருக்குக் கொழும்புக்கு ஆள் அனுப்புமுன் மூன்று வேலை செய்யுங்கள். ஸ்பீக்கரின் டெசிபலையும் ஓமையும் தேடி எழுதுங்கள். ஸ்பீக்கரைக் கெட்டியான மூலைக்கு நகர்த்துங்கள். இணைப்புகளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு இருக்கிற சின்ன அம்பிளிபயரிலேயே ஒரு பாட்டைப் போட்டு, சத்தக் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். காற்பங்குகூடத் திரும்பாமல் வீடு நிறைந்துவிட்டதா? அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் வாட் தேவையில்லை. அந்தக் காசுக்கு நாலு நல்ல இசைத்தட்டு வாங்குங்கள்!