படம் வரையும் பெண்ணுக்குப் பேனா லேப்டாப்: வாங்கும் முன் கவனியுங்கள்!

முன்பெல்லாம் வீட்டில் ஒரு பிள்ளை நன்றாகப் படம் வரைகிறது என்றால், ஒரு வாட்டர் கலர் டப்பாவும் டிராயிங் நோட்டும் வாங்கிக் கொடுத்தால் போதும். இப்போது பிள்ளைகள் கேட்பது, திரையிலேயே பேனாவால் வரையும்படி முழுவதுமாக மடங்கும் லேப்டாப். நல்லதாகப் பார்த்தால் விலை லட்ச ரூபாயை ஒட்டி வந்துவிடுகிறது, தாண்டியும் போகிறது.

என் அண்ணன் மகள் அனிமேஷன் படிக்கிறாள். அவளுக்காக அண்ணி இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தார். அண்ணனுக்கோ, "பொம்மை போடறதுக்கு இவ்வளவு பணமா?" என்று கோபம். வாங்கியது சரியில்லை என்றால் பணம் மட்டுமா போகும்? 'நான் அப்பவே சொன்னேனே' என்ற பேச்சில் பெண்ணின் படிப்பே கேலிக்கு ஆளாகிவிடும். நான் வீட்டில் இருந்தபடியே சிறுவர் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். சில வருஷங்களாகத் திரையில்தான் வரைகிறேன். அதனால் அண்ணி என்னைத் துணைக்கு அழைத்தார்.

டச் வேறு, பேனா வேறு

கடைக்காரப் பையன் எடுத்த எடுப்பில், "மேடம், ஐ செவன் ப்ராசஸர், கேமிங் கார்டு, டச் ஸ்கிரீன். இதுலயே வரையலாம்" என்றான். முதல் ஜாக்கிரதை இங்கேதான். விரலுக்குக் கட்டுப்படும் திரை எல்லாம் பேனாவுக்குக் கட்டுப்படாது. ரப்பர் முனை வைத்த மலிவான குச்சியால் எந்த டச் திரையிலும் கிறுக்கலாம். ஆனால் அழுத்தினால் கோடு தடிக்காது, லேசாகப் பிடித்தால் மெலியாது. கண்மை தீட்டும்போது கை அழுத்தத்தில்தானே கோடு அழகு பெறுகிறது? ஓவியருக்கு வேண்டியதும் அதுதான்.

கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பேனா முனையைக் கண்ணாடியில் படாமல் ஒரு நெல்மணி உயரத்தில் பிடியுங்கள். திரையில் ஒரு சிறு புள்ளி தோன்றிப் பேனாவோடு நகர்ந்தால் அது உண்மையான வரைபேனா.

இந்தப் பேனாக்களில் ஜாதிகள் உண்டு. ஜப்பானின் வாகாம் கம்பெனி வளர்த்த இ.எம்.ஆர். முறையில் பேனாவுக்கு பேட்டரியே வேண்டாம். சாம்சங்கின் 360 வகை லேப்டாப்களில் இருப்பது இது. மைக்ரோசாஃப்டின் எம்.பி.பி. முறைக்கு பேட்டரியோ சார்ஜோ வேண்டும். சர்ஃபேஸ் லேப்டாப்களிலும் வேறு பல கம்பெனி மாடல்களிலும் இது உண்டு. ஒரு ஜாதிப் பேனா இன்னொன்றில் எழுதாது. ஒரே கம்பெனியில்கூட மாடலுக்கு மாடல் மாறும். பேனா பெட்டியிலேயே வருகிறதா, தனி விலையா, தேய்ந்த முனைக்கு மாற்று கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். சில பேனாக்களுக்கு நான்கு 'ஏ' போட்ட ஒல்லி பேட்டரி வேண்டும். அது தெருமுனைக் கடையில் கிடைப்பது அரிது.

கடையிலேயே ஐந்து பரீட்சை

வரையப் போகிறவரைக் கையோடு கூட்டிப் போங்கள். கூச்சப்படாமல் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள்:

1. ஸ்கேலைச் சாய்வாக வைத்து, மிக மெதுவாக ஒரு கோடு. பாம்பு மாதிரி நெளிந்தால் வேண்டாம்.

2. இறகு தொடுவதுபோல் லேசாக ஒரு கோடு. ஆரம்பத்திலேயே விழ வேண்டும்; அழுத்தினால் படிப்படியாகத் தடிக்க வேண்டும்.

3. வேகமாக ஒரு சுழி. கோடு பேனாவை விட்டு வெகுதூரம் பின்தங்கக் கூடாது.

4. திரையின் நான்கு மூலைகளிலும் ஒரு புள்ளி. பேனா முனையும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. உள்ளங்கையைத் திரையில் ஊன்றி வரைய வேண்டும். கை பட்ட இடத்தில் கறை மாதிரி கோடு விழக் கூடாது.

எங்கள் பெண் மூன்று லேப்டாப்களில் ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். விலை அதிகமானதில்தான் கோடு நெளிந்தது! "அத்தை, இது வேண்டாம். நடுவுல இருக்கறதுதான் என் கைக்குச் சொன்னபடி கேக்குது" என்றாள். அதையே எடுத்தோம். அண்ணிக்குப் பணமும் கொஞ்சம் மிஞ்சியது.

நிறமும் நினைவும்

பட்டுப்புடவையை டியூப்லைட்டில் பார்த்து ஏமாறாமல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறோம் அல்லவா? திரைக்கும் அந்தக் கவனம் தேவை. விவரச் சீட்டில் 'எஸ்.ஆர்.ஜி.பி. 100 சதவீதம்' என்று இருந்தால் நல்லது. '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று போட்டிருந்தால் சிவப்பும் பச்சையும் வெளிறித்தான் தெரியும். 14 அங்குலத் திரை கைக்கு அடக்கம். 16 அங்குலம் தாராளம்தான். ஆனால் மடியில் வைத்தால் கனக்கும்.

ரேம் 16 ஜிபி இருக்கட்டும். கணினி ஓவியம் என்பது கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது போன்றது. அடுக்கு ஏற ஏற நினைவு வேண்டும். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. கேமிங் கார்டு, வெறும் ஓவியத்துக்கு அவசியமில்லை. முப்பரிமாண அனிமேஷன் செய்கிறவர்களுக்கு உதவும்.

"ஐபேட் வாங்கினா என்ன?" என்று அண்ணி கேட்டார். வரைவதற்கு மட்டும் என்றால் அருமையான சாதனம். ஆனால் மாயா போன்ற அனிமேஷன் மென்பொருள்களுக்குக் கணினிதான் வேண்டும். பாடத்திட்டத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கழுத்தும் கண்ணும்

லேப்டாப்பைப் புத்தகம்போல் மடித்துப் படுக்கை வசத்தில் வைத்துக் குனிந்து வரைந்தால் ஒரு மாதத்தில் கழுத்து வலி வந்து சேரும். அந்தக் காலக் கணக்குப்பிள்ளை மேஜை ஏன் சரிவாக இருந்தது? குனியாமல் எழுதத்தான். அதுபோல் ஒரு சாய்வுப் பலகை வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, தலையணை மேல் வைக்காதீர்கள். காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபதடி தூரத்தில் உள்ள எதையாவது இருபது விநாடி பார்ப்பது கண்ணுக்கு ஓய்வு.

கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை. சில பேனாக்களில் சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். குழந்தை விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பேனாவையும் மாற்று முனைகளையும் உயரமான அலமாரியில் பூட்டி வையுங்கள்.

கை கொடுக்கும் வேறு வழி

இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? வீட்டில் ஏற்கெனவே உள்ள கணினியோடு இணைக்கும், திரை இல்லாத வரைபலகை சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது. கை பலகையில், கண் திரையில் என்று பழகச் சில வாரங்கள் ஆகும். பழகிவிட்டால் தொழிலுக்கே போதும். கழுத்தும் குனியாது. 'கிரீட்டா' என்ற மென்பொருளுக்குக் காசே இல்லை. ஆரம்பிக்கிற பெண்ணுக்கு முதலில் இதை வாங்கிக் கொடுங்கள். ஒரு வருஷம் விடாமல் வரைகிறாளா என்று பாருங்கள். வரைந்தால், சீட்டுப் பணத்தை அவளுக்காக எடுக்கத் தயங்காதீர்கள் சகோதரிகளே. பகல் வேலையெல்லாம் முடிந்து, குழந்தை தூங்கிய பிறகு வரைய ஆசைப்படுகிற நீங்களாகவே அந்தப் பெண் இருந்தாலும் சரி!