நின்றே கெட்ட வண்டி

கல்கத்தாவுக்கு அம்பாசிடர், பம்பாய்க்கு ஃபியட், மெட்ராஸுக்கு ஹெரால்டு. லைசென்ஸ் ராஜ்ய காலத்தில் கார் வாங்க நினைத்த இந்தியருக்கு இருந்த தேர்வு ஏறக்குறைய இவ்வளவுதான். இந்த மூன்றில் நம்மூர் வண்டியான ஸ்டாண்டர்டு ஹெரால்டுதான் சீக்கிரம் கண்ணிலிருந்து மறைந்தது. 1961-ல் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் சென்னையில் தயாரான கார் அது. இன்று மிச்சமிருப்பவற்றில் பல, ஓடி ஓடித் தேய்ந்தவை அல்ல. தாத்தா வாங்கினார், அப்பா நிறுத்தினார், பேரன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்கிற கணக்கில் போர்ட்டிகோவிலும் வேப்பமரத்தடியிலும் இருபது, முப்பது வருடம் நின்றவை. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாக இருக்கும். சேதம் அதிகமாக இருக்கும்.

அப்படி ஒரு வண்டியை வீட்டிலேயே, லீவு நாட்களில் உட்கார்ந்து சரிசெய்து ஓட்டிவிடலாமா? ஓட்டலாம். அதற்கு மெக்கானிக் மூளையைவிட வேதியியல் புத்தி கொஞ்சம் கூடுதலாக வேண்டும். வண்டியைக் கெடுத்தவை, யாரும் தொடாமல் விட்ட காலத்தில் தன்போக்கில் நடந்த வினைகள். அவற்றைச் சரிக்கட்டும் வினைகளில் பலவும் நாம் ஆபீஸில் இருக்கும்போது தன்போக்கில் நடக்கக்கூடியவை. ஒர்க்ஷாப்காரருக்கு நாள் வாடகை ஓடும். அவரால் காத்திருக்க முடியாது. வீட்டில் செய்பவருக்கு அந்த அவசரம் இல்லை. அவருடைய பெரிய கருவியே அதுதான்.

ஹெரால்டு இந்த வேலைக்குத் தோதான வண்டி. காரணம் இங்கிலாந்தில் நடந்த ஒரு வியாபாரச் சண்டை. ஸ்டாண்டர்டு–டிரையம்ஃப் கம்பெனிக்கு பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தை 1953-ல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் அடித்து வாங்க வழியில்லாமல், சின்னச் சின்னப் பகுதிகளாகப் பல இடங்களில் செய்து, தனி சேசிஸ் மேல் போல்ட் போட்டு முடுக்கும்படி ஒரு காரை வடிவமைத்தார்கள். உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஜோவானி மிக்கெலோட்டி. 1959-ல் வெளியான அந்த கார்தான் ஹெரால்டு. கழற்றி மாட்டும்படி பிறந்ததால், பெட்டிகளில் வரும் உதிரிகளைச் சேர்த்து மெட்ராஸில் வண்டியாக்குவதும் எளிதாயிற்று. இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்தே பானட் முழுசாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு 948 சி.சி. இன்ஜினில் வேலை பார்க்கலாம். இந்த வசதி இன்றைய கார்களில் அபூர்வம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: மில்லிமீட்டர் ஸ்பானர் செட் இதற்கு ஆகாது. 7/16, 1/2, 9/16 என்று இன்ச் கணக்கில்தான் வாங்க வேண்டும். தப்பு அளவைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை வழுவழுவென்று உருண்டுவிடும், அதன்பின் உளிதான்.

சரி, துருவுக்கு வருவோம். வேலையில் முக்கால்வாசி அதுதான்.

இரும்பின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் அது ஒரு குட்டி பேட்டரி. சொட்டின் ஓரத்தில் காற்று எளிதாகக் கரைவதால் ஆக்சிஜன் அதிகம், நடுவில் குறைவு. இந்த வித்தியாசத்தால் நடுவில் இருக்கும் இரும்பு அணுக்கள் எலெக்ட்ரான்களை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகின்றன. அந்த எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓரத்துக்கு ஓடி அங்கே ஆக்சிஜனோடு சேர்கின்றன. கரைந்த இரும்பும் ஓரத்து வினையில் விளைந்ததும் சந்திக்கும் இடத்தில் பழுப்பாகத் துரு படிகிறது. கேம்பிரிட்ஜில் இருந்த யூலிக் எவன்ஸ் 1920-களில் இதைச் சோதனையாகவே செய்து காட்டினார். கார்க்காரருக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் பெரியது. காற்று படும் இடத்தைவிடக் காற்று புகாத இடம்தான் அதிகம் அரிக்கும். மட்கார்டு மடிப்பில் அப்பிய சேறு, கதவின் அடிவிளிம்பு, ஃப்ளோர் மேட்டுக்குக் கீழே, சேசிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டி நிற்கும் அவுட்ரிகர்களின் உட்புறம், இவைதான் ஹெரால்டு ஓட்டை விழும் இடங்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது.

சென்னைக்கு இதில் கூடுதல் சாபம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். நம் ஊரில் அதைத் தாண்டாத நாட்கள் சொற்பம். கடல் காற்றில் வரும் உப்பு, அந்தக் குட்டி பேட்டரியில் மின்சாரம் ஓட வழியை இன்னும் அகலமாக்கிவிடுகிறது. துருவோ தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும். எனவே அப்பளம்போல் உப்பிப் பெயர்ந்து, அடுத்த அடுக்கு இரும்பைத் தண்ணீருக்குத் திறந்துவிடும். பழைய காரைப் பாதுகாப்பதாக நினைத்து பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறோமே, அது இதற்குத்தான் உதவுகிறது. தரையிலிருந்து எழும் ஈரம் வெளியே போக வழியில்லாமல், ராத்திரி குளிர்ந்ததும் தகரத்தின் மேல் வியர்த்து நிற்கும். துணி உறை எவ்வளவோ தேவலை.

துருவை எடுக்கச் சுரண்டலாம், மணல் பீய்ச்சலாம், ஆசிடில் போடலாம். வீட்டுக்கு ஏற்றது மின்பகுப்பு. ஒரு பெரிய பிளாஸ்டிக் டப். பத்து லிட்டர் தண்ணீருக்கு நாலைந்து மேசைக்கரண்டி சலவைச் சோடா. பழைய மாடல் 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்தைச் சார்ஜரின் கறுப்பு வயரில், அதாவது நெகட்டிவில், மாட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். சிவப்பு வயரில் ஒரு வேண்டாத இரும்புத் தகடு. இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. சுவிட்சைப் போட்டதும் பாகத்தைச் சுற்றி நுரை நுரையாகக் குமிழி கிளம்பும், அது ஹைட்ரஜன். துருவாகும்போது இரும்பு இழந்த எலெக்ட்ரான்களை இப்போது சார்ஜர் திருப்பித் தள்ளுகிறது. செந்துருவில் ஒரு பகுதி கறுப்பு மேக்னடைட்டாக மாறுகிறது. அடியிலிருந்து கிளம்பும் குமிழிகள் மீதியைத் தளர்த்திக் கழற்றிவிடுகின்றன. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போய் மாலை வந்து பார்த்தால், தண்ணீர் சாக்கடை நிறத்தில் இருக்கும். பாகத்தின் மேல் கருஞ்சேறு படிந்திருக்கும். பிரஷ்ஷால் தேய்த்தால் அடியில் சாம்பல் நிற இரும்பு தெரியும். ஆசிட் துருவை முடித்துவிட்டு நல்ல இரும்பிலும் கைவைக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை. ஒரு நாள் கூடுதலாகக் கிடந்தாலும் பாகம் தேயாது. சோம்பேறிகளுக்கென்றே வந்த முறை என்று சொல்வேன்.

ஆனால் ஐந்து எச்சரிக்கைகள் தவிர்க்க முடியாதவை. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும், எனவே திறந்த வெளியில், பீடி சிகரெட் இல்லாமல். வயரைக் கழற்றும் முன் சார்ஜரை அணைத்துவிடுங்கள், பொறி பறக்கக் கூடாது. சிவப்பு வயரில் எவர்சில்வர் தகட்டை மாட்டினால் அதிலுள்ள குரோமியம் புற்றுநோய் தரும் வடிவில் தண்ணீரில் இறங்கும். சலவைச் சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டால் குளோரின் வாயு கிளம்பும். இன்னொன்று, அலுமினியப் பாகங்களை இதில் போடவே கூடாது. சோடா அவற்றைத் தின்றுவிடும்.

வெளியே எடுத்த இரும்பு பச்சை உடம்பு. கழுவி உடனே காயவைக்காவிட்டால் கண்முன்னே மீண்டும் பழுப்பேறும். தொட்டியில் அடங்காத சேசிஸ் போன்ற பாகங்களுக்குத் துரு மாற்றிகள் இருக்கின்றன. இவை துருவை எடுப்பதில்லை. அதை அரிக்காத வேறு பொருளாக மாற்றுகின்றன. பாஸ்பாரிக் அமிலம் இரும்பு பாஸ்பேட் ஆக்கும். டானின் கருநீலமான இரும்பு டானேட் ஆக்கும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதே கறுப்புதான். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர். அந்தப் பிரைமரின் செந்நிறமே இரும்பு ஆக்சைடு என்பது ஒரு வேடிக்கை. ஏற்கெனவே ஆக்சிஜனோடு சேர்ந்து முடித்துவிட்ட பொருள் என்பதால் அதற்கு மேல் அது கெட வழியில்லை.

பிடித்துக்கொண்ட நட்டு போல்டுக்கும் இதே பொறுமைதான். நீண்ட குழாயை மாட்டி முறுக்கினால் போல்ட் ஒடியும். துளையும் எண்ணெய் விட்டு, சுத்தியால் லேசாகத் தட்டிவிட்டுப் போய்விடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம். மரைகளின் இடுக்கில் நுண்புழை விசை எண்ணெயை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கும் அசையாவிட்டால் சூடு. இரும்பு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு விரியும். 10 மில்லிமீட்டர் நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.036 மில்லிமீட்டர் அகலும். தலைமுடி அளவுகூட இல்லை, ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் மட்டும் இந்த வித்தை வேண்டாம்.

இன்ஜின் ஜாம் ஆகியிருந்தாலும் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் சிலிண்டர் சுவரோடு துருவில் ஒட்டியதாகத்தான் இருக்கும். பிளக்கைக் கழற்றி நான்கு துளையிலும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, முன்புறப் புல்லி நட்டில் ஸ்பானர் போட்டுக் கையால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு செல்ஃப் அடித்தால் ரிங் உடையும். மற்றபடி ரீபோர், வால்வு சீட் போன்றவற்றை நல்ல லேத்துக்காரரிடம் விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பாயிண்ட், கன்டென்சர், பிளக் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள், செலவு கொஞ்சம்தான்.

உண்மையான தலைவலி பெட்ரோல். ஹெரால்டு காலத்துப் பெட்ரோலில் ஈயம் இருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு அடித்து அடித்து மூடும் இடத்தில் அது ஒரு மெல்லிய மெத்தையாகப் படிந்து காத்தது. 2000-ல் இந்தியா முழுவதும் ஈயம் நிறுத்தப்பட்டது, நாட்டுக்கு நல்லது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுக்குத்தான் கஷ்டம். நெடுஞ்சாலையில் விரட்டப்போகிறவர் கடினமான சீட் வளையம் பொருத்திக்கொள்ள வேண்டும். ஞாயிறு காலை பீச் வரை போய்வருபவருக்கு அது வீண் செலவு.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். புது கார்கள் புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை உணர்ந்து பெட்ரோல் அளவைத் தாமே மாற்றிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை. 1960-களில் துளையிட்ட ஜெட் வழியே அதே அளவைத்தான் விடும். கலவையில் காற்று கூடி இன்ஜின் சூடாகும், திணறும். ஒரு படி பெரிய மெயின் ஜெட் போட்டால் பெரும்பாலும் சரியாகும். பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்ப் டயாஃப்ரத்தையும் எத்தனால் உப்பவைத்துப் பிளக்கும். எத்தனால் தாங்கும் ரகத்தை வாங்கி மாற்றிவிட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தையும் அது உறிஞ்சும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தங்கி அங்கேயே துருவை ஆரம்பித்துவைக்கும். நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேங்கை வடித்துவிடுங்கள்.

பிரேக்கைப் பற்றி வாதமே கிடையாது. பிரேக் ஆயிலும் ஈரம் உறிஞ்சும் ரகம்தான். புதிய டாட்-3 ஆயில் 205 டிகிரியில் கொதிக்கும், 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். ஆவியை அழுத்தலாம், ஆயிலை அழுத்த முடியாது. குழாயில் ஆவி புகுந்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. எனவே சிலிண்டர், வாஷர், ஹோஸ், குழாய் எல்லாம் புதிது. டிரம்மைத் திறக்கும்போது பழைய லைனிங் தூளை வாயால் ஊதாதீர்கள். அக்காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத்துணியால் துடையுங்கள். பழைய பெயின்ட்டிலும் ஈயம் இருக்கும் என்பதால் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான்.

பாதுகாப்பு முதலில், அழகு கடைசியில். பெரும்பாலோர் செய்யும் வரிசை இதற்குத் தலைகீழ். முதலில் டிங்கரிங், பட்டி, பெயின்ட், குரோம், சீட் கவர்; காசு தீர்ந்த பிறகு பிரேக். அதை ரெஸ்டொரேஷன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. சேசிஸ், பிரேக், ஸ்டீயரிங் சரியாகி, மங்கிய பெயின்ட்டோடு ஓடும் ஹெரால்டு, கண்காட்சியில் மினுமினுக்கும் ஹெரால்டைவிட மேல்.

வாங்கப்போகிறவர்கள் வெள்ளை வேட்டியைப் பார்க்காமல் படுத்து அடியைப் பாருங்கள். ஸ்குரூடிரைவரால் அவுட்ரிகரைக் குத்திப் பாருங்கள். கதவின் அடியில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது பட்டி. கடைசியாக ஒன்று: 50 வயது தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களை வின்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 'வி.ஏ.' எழுத்து கொண்ட தனி நம்பர், கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வாடகைக்கோ ஓட்டக் கூடாது. காகிதங்கள் கையில் இருந்தால் இந்த வேலை எளிது. ஆகவே தாத்தாவின் பீரோவைச் சுத்தம் செய்யும்போது, பழைய ஆர்.சி. புத்தகம் கண்ணில் பட்டால் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.