விலகிச் செல்லாதவர்



மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் ஏ15 நெடுஞ்சாலையில் நீங்கள் பயணித்திருக்கக்கூடும். வாழைச்சேனையைக் கடந்து வடக்கே செல்லச் செல்ல வீடுகள் குறையும். காயான்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும். ஒரு புறம் கடல். மறுபுறம் களப்பும் கண்டல் மரங்களும் பற்றைக் காடும். பொழுது சாயும் வேளையில் மாடுகள் வீதியின் நடுவே வந்து படுத்துக்கொள்ளும். இத்தகையதொரு வீதியில், மரத்தில் மோதி நிற்கும் ஒரு வாகனத்தையும் அதனருகே இரத்தம் வழிய அமர்ந்திருக்கும் ஒருவரையும் கண்டால் நாம் என்ன செய்வோம்? நிற்போமா, அல்லது வேகத்தைக் கூட்டுவோமா?

இதே கேள்வியைத்தான் இயேசு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் வேறொரு வீதியை வைத்துக் கேட்டார். லூக்கா நற்செய்தியின் 10 ஆம் அதிகாரத்தில் வரும் நல்ல சமாரியர் உவமையை, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொதுக்காலத்தின் 15 ஆம் ஞாயிறன்று திருப்பலியில் கேட்கிறோம். பழகிப்போன உவமை என்பதாலேயே அதன் கூர்மை நமக்கு மழுங்கிவிட்டது.

எருசலேமிலிருந்து எரிகோவுக்கு ஏறத்தாழ 27 கிலோமீற்றர் தூரம். அதற்குள் அப்பாதை ஏறக்குறைய 1000 மீற்றர் கீழிறங்குகிறது. வறண்ட குன்றுகளும் வளைவுகளும் நிறைந்த அவ்வழி கள்வர்களுக்கு வசதியானது. அங்கே குற்றுயிராகக் கிடந்தவரைக் கண்டு விலகிச் சென்ற குருவையும் லேவியரையும் இரக்கமற்றவர்கள் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம். மார்ட்டின் லூதர் கிங், தாம் கொல்லப்படுவதற்கு முந்திய நாளான 1968 ஏப்ரல் 3 ஆம் திகதி மெம்பிஸ் நகரில் ஆற்றிய உரையில் இவ்வுவமையைக் குறிப்பிட்டார். தாமும் தம் துணைவியாரும் அவ்வீதியில் காரில் சென்ற அனுபவத்தை நினைவுகூர்ந்த அவர், அவ்விருவரும் அஞ்சியிருக்கலாம் என்றார். நின்றால் தமக்கு என்ன நேரும் என்பது அவர்கள் எண்ணம். நிற்காவிட்டால் அந்த மனிதருக்கு என்ன நேரும் என்பது சமாரியரின் எண்ணம்.

அன்பானவர்களே, அச்சம் காரணமாக விலகிச் செல்வது எப்படியென்று வாகரை மக்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையைத் துடைத்துச் சென்றது. 2006 இல் மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்தோரும் இங்கே தஞ்சம் புகுந்தனர். அவ்வாண்டு நவம்பர் 8 ஆம் திகதி, கதிரவெளியில் அகதிகள் தங்கியிருந்த பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்து 40 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 ஜனவரியில் பல்லாயிரம் பேர் காடும் களப்பும் கடந்து வெளியேறினர். இரவில் வாகனச் சத்தம் கேட்டால் கதவைத் திறக்க வேண்டாம் என்று தாய்மார் பிள்ளைகளுக்குக் கற்பித்த காலம் அது.

நின்றவர்கள் விலை கொடுத்ததும் உண்டு. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பிறந்து, 1948 இல் இலங்கைக்கு வந்து, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் மாணவர்க்குக் கூடைப்பந்தாட்டம் பயிற்றுவித்த இயேசு சபைத் துறவி யூஜின் ஹீபர்ட் அடிகளாரை நம்மில் மூத்தோர் அறிவர். 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவன்று, அவர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டார். அவரோடு ஒரு தமிழ்ச் சிறுவனும் சென்றான். இருவரும் வந்து சேரவில்லை. இன்றுவரை அவர்களது கல்லறை எங்கென எவரும் அறியார். ஆகவே, நிற்பது எளிதான செயல் என்று நான் உங்களுக்குச் சொல்லமாட்டேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு 2019 ஒக்ரோபரில் நேர்ந்ததைச் சொல்கிறேன். அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் ஆலயத்திலும் கொழும்பு, நீர்கொழும்புப் பகுதிகளிலும் குண்டுகள் வெடித்து நாடெங்கும் 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறக்கவில்லை. சீயோன் ஆலயத்தில் இறந்தோருள் பலர் சிறுவர். அந்த ஆசிரியரும் தம் பழைய மாணவர் ஒருவரை அங்கே இழந்திருந்தார். அதன் பின்னர் அவர் முஸ்லிம்களின் கடைகளுக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். வெறுக்கிறேன் என்று அவர் சொன்னதில்லை; போகவில்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை மனைவியோடு திருகோணமலைக்குச் சென்றுகொண்டிருந்தபோது, பனிச்சங்கேணிக்கு அப்பால் மாடொன்று வீதிக்குக் குறுக்கே பாய்ந்தது. கார் விலகி மணலில் சறுக்கி மரமொன்றில் மோதியது. பெரிய விபத்து அன்று. ஆசிரியரின் நெற்றி பிளந்து இரத்தம் கண்ணை மறைத்தது; மனைவியின் மணிக்கட்டு வீங்கியது. மூன்று வாகனங்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுச் சென்றன. முதலில் ஓடி வந்தவர், அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி. தம் குடிசையிலிருந்து தண்ணீரும் தோய்த்துக் காய்ந்த பழைய சீலைத் துண்டும் கொண்டுவந்து காயத்தில் அழுத்திப் பிடித்தார்.

பின்னர் ஒரு சிறிய பட்டா வாகனம் அவர்களைக் கடந்து சென்று, சற்றுத் தூரத்தில் நின்றது. சிறிது நேரம் எவரும் இறங்கவில்லை. பிறகு தொப்பி அணிந்த இளைஞர் ஒருவர் இறங்கி வந்தார். ஓட்டமாவடியைச் சேர்ந்த மீன் வியாபாரி. ஆசிரியரைத் தாங்கி எழுப்பியவர், அந்த மூதாட்டியிடம் ஒன்றை மட்டும் வேண்டிக்கொண்டார்: “அம்மா, நீங்களும் ஏறுங்க. நான்தான் இடிச்சனெண்டு நாளைக்கு ஆரும் சொல்லிரப்படா.”

அந்தச் சில நிமிடங்கள் அவர் ஏன் வாகனத்திலேயே அமர்ந்திருந்தார் என்பது அப்போதுதான் ஆசிரியருக்கு விளங்கியது. அந்த ஆண்டில், அந்த வீதியில், இரத்தம் தோய்ந்த ஒரு கிறிஸ்தவரைத் தன் வாகனத்தில் ஏற்றிச் செல்லும் முஸ்லிம் இளைஞனை உலகம் எப்படிப் பார்க்கும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அறிந்தே இறங்கி வந்தார்.

மூதாட்டி ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஏறிக்கொண்டார். வாகரை வைத்தியசாலையில் ஆசிரியருக்குத் தையல் போட்டு முடியும்வரை இளைஞர் வெளியே காத்திருந்தார். பனிக்கட்டி உருகி அவருடைய மீன் பெட்டிகளிலிருந்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆசிரியரின் மகனுக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். மறுநாள் காரை இழுத்துச் செல்லவும் ஆள் ஒழுங்கு செய்தார். பணம் கொடுக்க முனைந்தபோது வாங்கவில்லை. ஆடுகளைப் பற்றி ஆசிரியரின் மனைவி கவலையோடு கேட்டபோது மூதாட்டி சொன்னாராம்: “நாங்க புள்ளைகளையும் தூக்கிக்கொண்டு காட்டால நடந்த நேரம் ஆரோ ஒருத்தர் தண்ணி தந்தவர். அவர்ர பேர்கூடத் தெரியாது.”

வாசகர்களே, இப்போது உவமைக்குத் திரும்புவோம். அதற்கு முந்திய அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். லூக்கா 9 இல், எருசலேமுக்குச் செல்லும் இயேசுவுக்குச் சமாரிய ஊரொன்று தங்க இடம் தர மறுக்கிறது. சினங்கொண்ட யாக்கோபும் யோவானும் வானிலிருந்து நெருப்பு இறங்கி அவ்வூரை எரிக்க வேண்டும் என விரும்புகிறார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, தமக்குக் கதவடைத்த அந்த மக்களுள் ஒருவரைத் தம் உவமையின் நாயகர் ஆக்குகிறார். மன்னிப்பைப் பற்றி அங்கே அவர் உரை நிகழ்த்தவில்லை. கதை சொன்னார், அவ்வளவுதான்.

சமாரியரும் தயங்குவதற்குக் காரணம் இருந்தது. குற்றுயிராய்க் கிடந்த யூதர் ஒருவரைத் தன் விலங்கின்மேல் ஏற்றிச் செல்லும் சமாரியரைப் பார்ப்போர், அடித்தவன் இவனே என்று எண்ணக்கூடும். இருந்தும் அவர் சாவடிவரை சென்றார். ஒரு தெனாரியம் ஒரு தொழிலாளியின் ஒருநாள் கூலி. அவர் இரண்டு தெனாரியம் கொடுத்தார். மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் பொறுப்பேற்றார். அவரை இவ்வாறு செய்யத் தூண்டியது எது? அவர் இரங்கினார் என்பதைக் குறிக்கும் கிரேக்க வினைச்சொல், வயிற்றின் உள்ளுறுப்புகளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. பெற்ற வயிறு பற்றியெரிகிறது என்று நம் தாய்மார் சொல்வதற்கு நெருக்கமானது. லூக்கா இதே சொல்லை நயீன் ஊர்க் கைம்பெண்ணைக் கண்ட இயேசுவுக்கும், திரும்பி வந்த மகனைத் தொலைவில் கண்ட தந்தைக்கும் பயன்படுத்துகிறார். ஆக, கடவுளின் இதயத்தில் எழும் அதே உணர்வு, வேற்று இனத்தவர் எனப்பட்ட ஒரு வழிப்போக்கரின் வயிற்றிலும் எழுந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமக்கு அடுத்திருப்பவர் யார் என்று திருச்சட்ட அறிஞர் கேட்டார். யாருக்கு உதவ வேண்டும், யாருக்கு உதவத் தேவையில்லை என்ற எல்லைக்கோட்டை அறிய விரும்பினார். இயேசுவோ அவரைப் பள்ளத்தில் கிடப்பவரின் இடத்திலிருந்து பார்க்க வைத்தார். இரத்தம் வழியக் கிடப்பவருக்குத் தம்மைத் தூக்கும் கையின் இனமோ மதமோ பெரிதன்று. ஒரிஜனும் புனித அகுஸ்தீனாரும் இவ்வுவமையை விளக்கியபோது, காயமுற்றவர் மனுக்குலம் என்றும், சமாரியர் கிறிஸ்து என்றும், சாவடி திருச்சபை என்றும் கூறினர். நாம் உதவி செய்பவர்கள் ஆகுமுன் உதவி பெற்றவர்கள். இதை மறந்தவரின் ஈகையில் எப்போதும் சிறிது செருக்கு கலந்திருக்கும். நமக்குப் பிடிக்காதவரிடமிருந்து நன்மையைப் பெற்றுக்கொள்வதற்கும் தாழ்ச்சி வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2020 ஒக்ரோபர் 3 ஆம் திகதி அசிசியில் கையெழுத்திட்ட ‘அனைவரும் உடன்பிறந்தோர்’ என்னும் சுற்றுமடலின் இரண்டாம் இயலை முழுவதுமாக இவ்வுவமைக்கே ஒதுக்கினார். நாடுகளின் சட்டங்கள்கூட இன்று இதைப் பேசுகின்றன. அயல்நாடான இந்தியாவில், விபத்தில் உதவியவர்களையே பொலிஸாரும் நீதிமன்றமும் அலைக்கழிக்கும் என்ற அச்சத்தால் பலர் விலகிச் சென்றனர். உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளை உச்சநீதிமன்றம் 2016 இல் கட்டாயமாக்கியது. 2019 இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அப்பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. அச்சட்டப் பிரிவு அவர்களுக்குச் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? நல்ல சமாரியர்! நம் நாட்டில் 2016 இல் இந்திய அரசின் நன்கொடையோடு தொடங்கிய 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸ் சேவை பின்னர் கிழக்கிற்கும் வந்தது.

ஆயினும் அம்பியூலன்ஸ் வந்து சேரும்வரை காயமுற்றவரின் அருகில் ஒரு மனிதர் இருக்க வேண்டும். ஆகவே சிலவற்றைக் கற்றுக்கொள்வோம். 1990 என்ற இலக்கத்தை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். இரத்தம் வழியும் இடத்தைச் சுத்தமான துணியால் விடாது அழுத்திப் பிடியுங்கள். மயங்கியவரின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கழுத்திலோ முதுகிலோ அடிபட்டிருக்கலாம் என ஐயமிருந்தால், தீ போன்ற ஆபத்து இருந்தாலன்றி அவரை அசைக்காதீர்கள். இவை எதுவும் இயலாவிட்டால், அவருடைய கையைப் பற்றிக்கொண்டு அருகில் இருங்கள். படம் எடுக்கக் கைபேசியை உயர்த்துமுன், உதவிக்கு அழைக்க அதைப் பயன்படுத்துங்கள்.

அந்த ஆசிரியர் இப்போது மீண்டும் ஓட்டமாவடிக் கடைகளுக்குச் செல்கிறார். ஒரு மாலைப்பொழுதின் உதவியால் ஒரு மாவட்டத்தின் காயங்கள் ஆறிவிட்டன என்று சொல்ல முடியாது. சீயோன் ஆலயத்தில் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு நீதி வேண்டும். காணாமற்போனோரின் உறவுகளுக்கு உண்மை வேண்டும். இரக்கம் நீதிக்கு மாற்றீடு ஆகாது. ஆனால் நீதியைத் தேடி ஒன்றாக நடக்க வேண்டியவர்கள் முதலில் ஒருவரையொருவர் கண்டு அஞ்சாதிருக்க வேண்டும். அதற்கான வழி இத்தகைய சிறு நிறுத்தங்களில்தான் திறக்கிறது.

இவ்வாரம் உங்கள் வழியிலும் யாரேனும் விழுந்து கிடக்கலாம். வீதியிலன்றி, அடுத்த வீட்டிலோ, வேலைத்தலத்திலோ, பேச்சை நிறுத்திக்கொண்ட உறவினரின் முற்றத்திலோ கிடக்கலாம். போய் அவ்வாறே செய்யும்படி ஆண்டவர் திருச்சட்ட அறிஞரைப் பணித்தார். அக்கட்டளை நமக்கும் உரியது.

இரக்கமுள்ள ஆண்டவரே, பாவத்தால் குற்றுயிராய்க் கிடந்த எங்களை நீர் விலகிச் செல்லவில்லை. எங்கள் அச்சத்தை நீர் அறிவீர். அஞ்சும் வேளையிலும் நின்று, இறங்கி, கை நீட்டும் துணிவை எங்களுக்குத் தாரும். ஆமென்.