மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மாநகர்

ஜப்பான் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது எது? விண்ணை முட்டும் கட்டடங்கள், மின்னலெனப் பாயும் இரயில்கள், ஓய்வறியாது உழைக்கும் மக்கள். அங்கே சென்று திரும்புவோரும் பெரும்பாலும் அவசரமாகவே சென்று, அவசரமாகவே திரும்புகின்றனர். தோக்கியோவில் இரண்டு நாள், கியோத்தோவில் ஒரு நாள், பை நிறையப் பொருள்கள், கை நிறையப் படங்கள். அவ்வளவோடு பயணம் முடிந்துவிடுகிறது.

அன்பு வாசகர்களே! இம்முறை நாம் அவசரமின்றி ஒரு ஜப்பானிய மாநகரைச் சுற்றி வருவோம். நான்கே நாள்கள் போதும். தோளில் ஒரு சிறு பை, காலுக்கு இதமான காலணி, தொழுகை விரிப்பு ஒன்று. இவற்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். நாம் செல்லவிருக்கும் நகரின் பெயர் கோபே.

ஓசாக்காவிலிருந்து ஷின்கான்சென் இரயிலில் ஏறினால் கால் மணி நேரத்திற்குள் கோபே வந்துவிடும். ஏறத்தாழ 15 லட்சம் மக்கள் வாழும் துறைமுக நகரம் இது. வடக்கே ரொக்கோ மலைத்தொடர், தெற்கே கடல். இவ்விரண்டுக்கும் இடையிலான சில கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தில் நீளவாக்கில் நகரம் படுத்திருக்கிறது. ஆதலால் இங்கே வழி தவறுவது கடினம். ஊர் மக்களும் வடக்கு, தெற்கு என்று சொல்வதைவிட ‘மலைப்பக்கம்’, ‘கடற்பக்கம்’ என்றே வழி சொல்கின்றனர். கடைகளிலும் இரயில் நிலையங்களிலும் வாயில்களுக்குக்கூட இப்பெயர்களைக் காணலாம்.

இதில் நமக்கொரு வசதியும் இருக்கிறது. மலையை வலக்கைப் பக்கமும் கடலை இடக்கைப் பக்கமும் வைத்து நின்று, மலையை நோக்கிச் சற்றே திரும்புங்கள். அதுதான் கிப்லா. நம் தமிழகத்தில் மேற்கிலிருந்து சிறிது வடக்காகச் சாய்ந்து நின்று தொழுகிறோம் அல்லவா? பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்த பின்னும் இங்கே ஏறத்தாழ அதே சாய்வுதான். புதிய ஊரில் கால் வைத்த முதல் மணி நேரத்திலேயே திசை புலப்பட்டுவிட்டால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

முதல் நாள்: கிதானோவின் மேட்டுத் தெருக்கள்

முதல் நாளை வெள்ளிக்கிழமையாக அமைத்துக்கொள்ளுங்கள். சன்னோமியா இரயில் நிலையத்திலிருந்து மலைப்பக்கமாகச் சிறிது நேரம் நடந்தால் கிதானோ பகுதி வரும். 1868இல் கோபே துறைமுகம் அயல்நாட்டு வணிகத்திற்குத் திறக்கப்பட்டது. கடல் கடந்து வந்த வணிகர்கள் இந்த மேட்டில் தத்தம் நாட்டு முறையில் வீடுகளைக் கட்டிக்கொண்டனர். செங்கல் சுவரும் கூரை உச்சியில் காற்றாடிச் சேவலும் கொண்ட ஒரு வீட்டை 1909இல் ஒரு ஜெர்மானிய வணிகர் கட்டினார். அது இன்றும் இவ்வட்டாரத்தின் அடையாளமாக விளங்குகிறது.

அத்தெருக்களின் நடுவே இரு மினாராக்களும் குவிமாடமுமாக எழுந்து நிற்கிறது கோபே பள்ளிவாசல். ஜப்பானில் கட்டப்பட்ட முதல் பள்ளிவாசல் இதுவே. திறக்கப்பட்ட ஆண்டு 1935. இதனை எழுப்பியவர்கள் மன்னர்களோ அமைச்சர்களோ அல்லர். பிழைப்புக்காக வந்த இந்திய வணிகர்களும், 1917ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் இரஷ்ய மண்ணிலிருந்து அகதிகளாக வந்து சேர்ந்த தாத்தாரிய முஸ்லிம்களும், பிற நாட்டு முஸ்லிம்களும் சேர்ந்து பல ஆண்டுகள் நன்கொடை திரட்டினர். வரைபடம் தந்தவர் செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யான் யோசெஃப் ஷ்வாகர். துருக்கிய அமைப்பிலான வணக்கத்தலத்தை ஜப்பானிய மண்ணில் எழுப்ப, ஐரோப்பியர் ஒருவர் திட்டம் வகுக்க, இந்தியரும் தாத்தாரியரும் பொருள் தந்தனர்!

1923ஆம் ஆண்டு நிலநடுக்கம் தோக்கியோவையும் யோக்கோஹாமாவையும் சிதைத்தது. யோக்கோஹாமாவிலிருந்த இந்திய வணிகர் பலர் அதன் பின்னரே கோபேக்குக் குடிபெயர்ந்தனர். ஓர் அழிவைக் கண்டு வந்தவர்கள் அவர்கள். பள்ளிவாசலும் நிலவறையுடன் கூடிய உறுதியான கான்கிரீட் கட்டடமாக எழுந்தது. அந்த உறுதி பின்னர் எவ்வாறு பயன்பட்டது என்பதை மூன்றாம் நாள் காண்போம்.

ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால் பசிக்குமே! பள்ளிவாசலை அடுத்த தெருக்களிலேயே ஹலால் மளிகைக் கடையும் உணவகமும் உண்டு. மற்ற இடங்களில் கவனம் தேவை. ‘புத்தா’ என்றால் பன்றி. இச்சொல்லைக் குழந்தைகளுக்கும் கற்றுக் கொடுத்துவிடுங்கள். நான்கின்மாச்சி என்னும் சீனத் தெருவில் ஆவி பறக்க விற்கும் ‘புத்தாமான்’ நம் கொழுக்கட்டையை நினைவூட்டும்; உள்ளே இருப்பதோ பன்றி இறைச்சி. மீன் குழம்பிலும் காய்கறிப் பண்டத்திலும்கூட ‘மிரின்’, ‘சாக்கே’ எனும் மது வகைகள் சேர்க்கப்படலாம். தயங்காமல் கேளுங்கள். ‘சுமிமாசென்’ என்று தொடங்கினால் போதும். ‘மன்னிக்கவும்’ என்பது அதன் பொருள்.

மாலையில் கிதானோவைச் சுற்றி ஒரு நடை நடந்து பாருங்கள். பள்ளிவாசலுக்கு வெகு தொலைவிலன்றி யூதர்களின் ஆலயம், கிறித்தவத் தேவாலயம், ஜைனர் கோயில், ஜப்பானியரின் தொன்மையான இக்குத்தா ஆலயம் ஆகியவை இருக்கின்றன. அவரவர் வழி அவரவர்க்கு. ஆயினும் தெருவைக் கூட்டுவதும், குப்பையைப் பிரித்து உரிய நாளில் வைப்பதும் எல்லார்க்கும் பொது.

இரண்டாம் நாள்: அருவி முதல் துறைமுகம் வரை

ஷின்-கோபே இரயில் நிலையத்தின் பின்புறமே காடு தொடங்குகிறது என்றால் நம்புவீர்களா? இரயிலை விட்டு இறங்கிக் கால் மணி, அரை மணி நேரம் படியேறினால் 43 மீட்டர் உயரத்திலிருந்து வீழும் நுனோபிக்கி அருவியின் முன் நிற்பீர்கள். சற்று மேலே 1900இல் கட்டி முடிக்கப்பட்ட கல்லணை இருக்கிறது. நகருக்குக் குடிநீர் தருவதற்காக எழுந்த அணை அது. இம்மலை நீர் கப்பலோட்டிகளிடையே பெரும் புகழ் பெற்றிருந்தது. நெடுந்தூரக் கடற்பயணத்திலும் எளிதில் கெடாது என்று விரும்பி நிரப்பிச் சென்றனர்.

அந்த நீர் சென்ற வழியிலேயே நாமும் கடற்பக்கம் இறங்குவோம். துறைமுகத்தில் செந்நிறக் கோபுரம் ஒன்று தெரிகிறது. 1963இல் எழுந்த இத்துறைமுகக் கோபுரம் 108 மீட்டர் உயரமுடையது. நடுவில் ஒடுங்கி இரு முனைகளும் விரிந்து, உடுக்கையை நிமிர்த்தி வைத்தது போன்ற தோற்றம்.

கோபே முத்து நகரமும் ஆகும். சிப்பியில் முத்து வளர்க்கும் முயற்சியில் மிக்கிமோத்தோ கோக்கிச்சி 1893இல் முதல் வெற்றி கண்டார். அவருடைய முத்துப் பண்ணை வேறு மாவட்டத்தில் இருந்தபோதிலும், முத்துகளைத் தரம் பிரித்து, துளையிட்டு, கோத்து, ஏற்றுமதி செய்யும் தொழில் கோபேயில் வேரூன்றியது. ரொக்கோ மலைப்பக்கமிருந்து வரும் மென்மையான ஒளி முத்தின் நிறம் பார்க்க ஏற்றது என்பர் இத்தொழிலார். மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கிய நம் கடலோர மக்களையும், முத்து வாணிபத்தால் பெயர் பெற்ற காயல்பட்டினத்தையும் இங்கே நினையாதிருக்க இயலாது. கடலடியில் இயற்கையாய் விளைந்த முத்தின் வாணிபம் 20ஆம் நூற்றாண்டில் நலிந்ததற்கு இந்த வளர்ப்பு முத்தும் ஒரு பெருங்காரணம். ஒரு கரையின் செழிப்பு மறுகரையில் வேறொரு விதமாய் உணரப்படுகிறது.

மூன்றாம் நாள்: உடைந்த கரை

இன்று காலைப் பொழுதை மெரிக்கென் பூங்காவில் தொடங்குங்கள். பூங்காவின் ஓரத்தில் ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்திற்குக் கரைச்சுவர் பிளந்து கிடக்கிறது. விளக்குக் கம்பங்கள் சாய்ந்து நிற்கின்றன. இவ்வளவு தூய்மையான ஊரில் இதை மட்டும் ஏன் சரிசெய்யாமல் விட்டனர் என்று வியப்பீர்கள். விட்டதல்ல; வேண்டுமென்றே காத்து வைத்தது.

1995 சனவரி 17, அதிகாலை 5 மணி 46 நிமிடம். ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில் பூமி அதிர்ந்தது. பேரதிர்வு நீடித்தது ஏறத்தாழ 20 விநாடிகளே. அந்நிலநடுக்கத்தால் உயிரிழந்தோர் 6,434 பேர். ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் முற்றாக இடிந்தன. கனத்த ஓட்டுக் கூரை தாங்கிய பழைய மரவீடுகள் உறங்குவோர் மீதே சரிந்தன. நாகாத்தா பகுதியில் தீ தெருத் தெருவாகப் பரவியது.

கிதானோவிலிருந்த பள்ளிவாசல் அன்றும் வீழவில்லை. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1945இல் போர் விமானங்கள் குண்டு பொழிந்து நகரின் பெரும்பகுதியைச் சாம்பலாக்கியபோதும் அது நின்றது. இறைவனின் நாட்டத்தை நாம் நினைவுகூர்கிறோம். அத்தோடு, சிக்கனம் பார்த்து அடித்தளத்தைக் குறைத்துவிடாத அந்த வணிகர்களையும் அகதிகளையும் நன்றியுடன் எண்ணிப் பார்க்கிறோம்.

அந்தப் பேரிடர் நேரத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் ஊதியமின்றித் தொண்டாற்ற வந்தனர். ஜப்பானியர் 1995ஐத் ‘தொண்டின் முதலாண்டு’ என்றே அழைக்கின்றனர். மாநகராட்சிக் கட்டடத்தை அடுத்த ஹிகாஷி யூயென்ச்சி பூங்காவில் நினைவுச் சுடர் ஒன்று எரிந்துகொண்டிருக்கிறது. ஒவ்வோராண்டும் சனவரி 17 அன்று அதே 5 மணி 46 நிமிடத்தில் மக்கள் அங்கே விளக்கேற்றி மௌனமாக நிற்கின்றனர். அவ்வேளையில் பிறந்திராத இளைஞர்களும் வந்து நிற்கின்றனர்.

நான்காம் நாள்: பாலத்தின் மறுமுனை

பயணத்தின் கடைசி நாள். நகரின் மேற்கு எல்லையிலுள்ள மைகோவுக்குச் செல்லுங்கள். அங்கிருந்து அவாஜித் தீவுக்கு நீள்கிறது ஆகாஷி கைக்கியோ தொங்குபாலம். மொத்த நீளம் 3,911 மீட்டர். இரு கோபுரங்களுக்கு இடையிலான தொலைவு மட்டும் 1,991 மீட்டர். 1998இல் திறக்கப்பட்டது முதல் 2022இல் துருக்கியின் சனாக்கலே பாலம் திறக்கப்படும் வரை, உலகிலேயே நீண்ட இடைவெளி கொண்ட தொங்குபாலம் இதுவே. இதைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்நிலநடுக்கம் நேர்ந்தது. கோபுரங்கள் நின்ற கடலடி நிலமே நகர்ந்து, நடு இடைவெளி ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீண்டுவிட்டது. பொறியாளர்கள் மனம் தளரவில்லை; திட்டத்தைத் திருத்திக்கொண்டு பணியைத் தொடர்ந்தனர்.

பேருந்தில் பாலத்தைக் கடந்து அவாஜியின் வடபகுதியை அடையுங்கள். ஹொக்குடான் என்னும் இடத்தில் நிலம் பிளந்த வடுவை அப்படியே கூரையிட்டுக் காத்து, காட்சியகம் அமைத்திருக்கின்றனர். வயலும் வேலியும் வரப்பும் வெட்டுண்டு ஒன்றுக்கொன்று விலகி நிற்பதைக் கண்ணாரக் காணலாம். நிலநடுக்கத்தின் பிளவு மேலெழுந்த இடம் இதுதான்.

ஆயினும் ஹொக்குடானில் அறிய வேண்டியது இந்த வடு மட்டுமன்று. அந்தக் காலையில் இங்கே இடிபாடுகளில் ஏறத்தாழ 300 பேர் சிக்கிக்கொண்டனர். பெரிய இயந்திரங்கள் வரும் வரை ஊரார் காத்திருக்கவில்லை. ஊர்த் தீயணைப்புத் தொண்டர்களும் அண்டை வீட்டாரும் கையாலேயே ஓடுகளை அகற்றினர். எங்கே தோண்டுவது என்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. எந்த வீட்டில் எத்தனை பேர், முதியவர் எந்த அறையில் உறங்குவார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிக்கியிருந்தோரை அன்றைய தினமே வெளியே எடுத்து முடித்தனர். பெருநகரத்திலோ, அடுத்த கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரியாத இடங்களில் தேடல் நாள்கணக்கில் நீண்டது.

சகோதர சகோதரிகளே! அண்டை வீட்டாரின் உரிமை குறித்து நாம் எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அந்த உரிமை ஓர் உயிரின் விலையாக மாறும் நாளும் உண்டு என்பதை இத்தீவின் சிற்றூர் நமக்குக் காட்டுகிறது. இன்று நம் குடும்பங்களில் பல அடுக்குமாடிக் கட்டடங்களில் குடியேறிவிட்டன. எதிர் வீட்டின் பெயர்ப்பலகையை நாள்தோறும் பார்க்கிறோம். அந்த வீட்டில் தனித்திருக்கும் மூதாட்டி எந்த அறையில் உறங்குகிறார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மாலைப் பேருந்து மீண்டும் பாலத்தின்மேல் ஏறுகிறது. வலப்பக்கம் கோபேயின் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏற்றப்படுகின்றன. கரை சேர்ந்ததும் மஃரிபுக்கு இடம் தேடுங்கள். திசை கேட்க வேண்டியதில்லை: மலை வலப்பக்கம், கடல் இடப்பக்கம். தொழுது எழுந்தபின் ஊருக்குத் திரும்பும் ஆயத்தங்களைச் செய்யுங்கள். பெட்டியில் வைக்கும் அன்பளிப்புகளில் ஒன்றை எதிர் வீட்டுக்கென்று எடுத்து வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்ததும் முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.